ஐந்தாம் ஆண்டுப் படம்

ஜூன் 5, 2025, வியாழன்

கல்யாணத்துக்கு எடுத்து வைத்திருந்த பட்டுப் புடவையின் ஜாக்கெட் கையில் ஏறவில்லை. டெய்லரிடம் கொண்டுபோனேன். உள்பக்கம் புரட்டிப் பார்த்தவர், "துணி இருக்குக்கா, ரெண்டு தையல் பிரிச்சாப் போதும்" என்றார். 2021-இல் இதே ஜாக்கெட்டைப் பிடிக்கக் கொடுத்தபோது மிச்சத் துணியை வெட்டிவிடச் சொல்லியிருந்தேன். அவர் வெட்டவில்லை. உடம்பு இளைத்து வருகிறவர்களை என்னைவிட அதிகம் பார்த்தவர்.

ஜூன் 8, ஞாயிறு

கல்யாணப் பந்தியில் எனக்கு நேர் எதிரே சின்ன மாமியார். "என்னம்மா, மறுபடியும் உடம்பு போட்டுட்ட? அம்புட்டுக் காசைக் கொட்டி ஆபரேஷன் பண்ணி என்னத்தக் கண்ட?"

ஆபரேஷனுக்கு முன்னால், "வாயைக் கட்டுனா தானாக் குறையுது, இதுக்குப் போய் வயித்தை அறுப்பாங்களா" என்றவர் இவர்தான். இளைத்திருந்தபோது, "சீக்காளி மாதிரி இருக்கியே, கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு" என்று வருத்தப்பட்டவரும் இவர்தான். எந்த எடையில் நின்றிருந்தால் அவருக்குச் சம்மதமாக இருந்திருக்கும் என்று கேட்க நினைத்தேன். சாம்பார் வந்துவிட்டது.

சாதம் இன்றும் இரண்டு கைக்கு மேல் இறங்கவில்லை. நெஞ்சுக்குக் கீழே வந்து நின்றுகொள்கிறது. பால் பாயசம் தடையே இல்லாமல் இறங்கியது. எனக்குச் செய்தது ஸ்லீவ் ஆபரேஷன். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒடுங்கிய குழாயாக விட்டுவைப்பார்கள். கெட்டியான சோறும் கறியும் அந்தக் குழாயில் நின்று நிரப்பும். பாயசம், ஐஸ்கிரீம், காபியில் நனைத்த பிஸ்கட், வாயிலேயே கரைந்துவிடும் முறுக்கு எல்லாம் நிற்காமல் நழுவிப் போகும். கத்தி அளவைத்தான் குறைத்தது. எது நழுவும், எது நிற்கும் என்பதில் அதற்கு அக்கறை இல்லை.

ஜூன் 11, புதன்

பள்ளியில் ஆசிரியர்களுக்கு மருத்துவ முகாம். நர்ஸ் எடையைச் சத்தமாகப் படித்தார்: "எண்பத்தெட்டு!" பின்னால் வரிசையில் நின்ற பி.டி. சார் நாகரிகமானவர், விட்டத்தைப் பார்த்தார்.

2019 நவம்பரில், ஆபரேஷனுக்கு முன், 118. 2021 தொடக்கத்தில் 73. இப்போது 88. வீட்டு மெஷின் பரணில் கிடக்கிறது.

ஜூன் 14, சனி

பிளஸ் டூ விடைத்தாள் இல்லாத சனிக்கிழமை கிடைப்பதே அபூர்வம். எடைக்குறைப்பு ஆபரேஷன் பற்றி உட்கார்ந்து படித்தேன்.

ஸ்வீடனில் 1987-இல் தொடங்கிய ஓர் ஆய்வு இருக்கிறது. லார்ஸ் ஷோஸ்ட்ரோம் தலைமையில் நாலாயிரத்துச் சொச்சம் பேர். ஏறக்குறைய பாதிப் பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். 2007-இல் வந்த அறிக்கைப்படி, இரைப்பை பைபாஸ் செய்தவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் சராசரியாக 32 சதவீத எடை குறைந்தார்கள். பத்தாம் ஆண்டில் அந்தக் குறைவு 25 சதவீதமாகச் சுருங்கியிருந்தது. ஸ்லீவ் அந்த ஆய்வில் கிடையாது. ஆனாலும் என் கணக்கைப் போட்டுப் பார்த்தேன்: 118-இலிருந்து 88 என்றால் ஏறத்தாழ 25 சதவீதம். மண்டபத்தில் என்னைத் தோற்றவளாகப் பார்த்தார்கள். ஸ்வீடன் அட்டவணையில் நான் சராசரி. ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது என்பதும் அதே அறிக்கையில் உண்டு. அதைச் சின்ன மாமியாரிடம் எப்படிச் சொல்வது?

இன்னொன்று என்னை எழுந்து நடக்க வைத்துவிட்டது. நான் வேதியியல் ஆசிரியை. கார்பன்-14 பாடம் எத்தனையோ முறை எடுத்தவள். வெட்டவெளியில் அணுகுண்டு வெடித்துப் பார்த்ததால் காற்றில் கார்பன்-14 ஏறியது, 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகு அது இறங்கத் தொடங்கியது என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஸ்டாக்ஹோமில் கிர்ஸ்டி ஸ்பால்டிங் குழு அந்தக் கார்பனை வைத்தே மனிதக் கொழுப்பு செல்களின் வயதைக் கணக்கிட்டது; 2008-இல் வெளியிட்டார்கள். வளர்ந்த மனிதருக்குக் கொழுப்பு செல்களின் எண்ணிக்கை அநேகமாக மாறுவதில்லை. ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு செத்து, அதே அளவு புதிதாக வருகிறது. எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்து இரண்டு ஆண்டு ஆனவர்களுக்கும் எண்ணிக்கை குறையவில்லை. ஒவ்வொரு செல்லும் சிறுத்திருந்தது, அவ்வளவுதான்.

ஆக, அந்த 45 கிலோ போனபோதும் செல்கள் எங்கும் போகவில்லை.

பசியும் அப்படித்தான். பசியைத் தூண்டும் கிரெலின் பெருமளவு சுரப்பது இரைப்பையின் மேல்பகுதியில். அதை வெட்டி எடுத்ததால் முதல் வருஷம் பசி என்ற ஒன்றே இல்லாமல் வாழ்ந்தேன். மணி பார்த்துச் சாப்பிட்டேன். மூன்றாம் வருஷம் ஒருநாள், ஸ்டாஃப் ரூமில் பதினோரு மணி டீயின்போது, வயிறு நிஜமாகவே கிள்ளியது. செத்துப்போனவர் வாசலில் வந்து நின்ற மாதிரி பயந்துபோனேன்.

ஜூன் 21, சனி

கோயம்புத்தூர். இரண்டாம் வருஷத்துக்குப் பிறகு, எனக்கு ஆபரேஷன் செய்த இந்த மருத்துவமனைப் படியை மிதிக்கவில்லை. எடை ஏற ஏற வருவதற்குக் கூச்சம். குறைந்தபோது மாதாமாதம் வரத் தோன்றியது; உதவி தேவைப்பட்டபோது கால் வரவில்லை.

காத்திருக்கும் இடத்துச் சுவர் முழுக்க முன்-பின் படங்கள். ஒரே ஆள், தொளதொள பேன்ட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். எல்லாம் ஒன்றாம் வருஷப் படங்கள், அதிகம் போனால் ஒன்றரை. உடம்பு மிகக் குறைவான எடைக்கு வருவதே அந்தச் சமயத்தில்தான். ஐந்தாம் வருஷப் படம் ஒன்றுகூட இல்லை. இதை நான் விளம்பர மோசடி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சுவரைப் பார்த்துத்தான் எல்லாரும் கையெழுத்துப் போடுகிறோம்.

டாக்டர் சின்னப் பெண். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "முன்னாடி இன்சுலின் போட்டுட்டு இருந்தீங்க இல்லையா?" என்றுதான் ஆரம்பித்தாள். இப்போது ஒரே ஒரு மாத்திரை; மூணு மாசச் சுகர் 6.3. தைராய்டு, பி12, இரும்பு, வைட்டமின் டி எல்லாம் எழுதினாள். குழாய் விரிந்திருக்கிறதா என்று பார்க்க எண்டோஸ்கோப்பி. ஸ்லீவை பைபாஸாக மாற்றலாம், ஆனால் எனக்கு அதை முதல் வழியாகச் சொல்லவில்லை. மார்ச்சில் இந்தியாவுக்கு வந்த மவுன்ஜாரோ என்ற எடைக்குறைப்பு ஊசி பற்றிச் சொன்னாள். வாரம் ஒன்று, அன்றைய விலையில் 5 மில்லிகிராம் 4,375 ரூபாய். பேருந்தில் கணவர் கணக்குப் போட்டார்: மாதம் 17,500. நிறுத்தினால் எடை திரும்பும் என்பதையும் அவள் மறைக்கவில்லை. அந்த நேர்மைக்காகவே அவளிடம் மறுபடி போவேன்.

ஜூன் 29, ஞாயிறு

ஊசி இப்போதைக்கு இல்லை. டயட்டீஷியன் சொன்னபடி தினம் 60 கிராமுக்குக் குறையாமல் புரதம். இலையில் முதலில் அதுதான். முட்டை, சுண்டல், இன்றைக்கு அயிரை மீன். சோறு கடைசியில், இடம் இருந்தால். சாப்பாட்டோடு தண்ணீர் கிடையாது, அரை மணி கழித்துத்தான். தண்ணீர் சேர்ந்தால் எல்லாம் கரைந்து இறங்கி, வயிறு சீக்கிரம் காலியாகிவிடும் என்றார். ரப்பர் பட்டையை இழுத்துப் பயிற்சி. எடை இறங்கும்போது தசையும் சேர்ந்தே போயிருக்கிறது, அதை மீட்க வேண்டும்.

பரணிலிருந்து மெஷினை இறக்கியாயிற்று. வாரம் ஒரு முறை, திங்கட்கிழமை.

ஜூலை 6, ஞாயிறு

தேனியிலிருந்து சித்தி மகள். "அக்கா, எனக்கும் ஆபரேஷன் பண்ணச் சொல்றாங்க. உனக்குத்தான் திரும்ப ஏறிடுச்சாமே, பண்ணலாமா?"

சுகரோடு நூற்றுப் பத்து கிலோ சுமக்கிறாள். வேண்டாம் என்று என் வாயில் வரவில்லை. பண்ணு, ஆனால் ஐந்தாம் வருஷத்து ஆள் ஒருத்தரைக் காட்டச் சொல்லு, அவரோடு பேசு, ஆபரேஷன் செலவோடு பின்னால் வரும் டெஸ்டுகளுக்கும் மருந்துக்கும் பணம் ஒதுக்கு என்றேன். எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டிவிட்டு, "முடி கொட்டுமாமேக்கா?" என்றாள். கொட்டும், மூணாம் மாசத்துலருந்து. பெரும்பாலும் திரும்ப முளைச்சிடும் என்றேன். ரிப்போர்ட்டுகளை இன்று ராத்திரிக்குள் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறாள்.