இடம் மாறிய கோப்பு

தெற்கு தில்லியில் பழைய கட்டடம் ஒன்றின் இரண்டாவது மாடி. 9 இந்திய மொழிகளில் மொழிபெயர்ப்பு செய்து தரும் அலுவலகம். தமிழ்ப் பிரிவில் இருக்கும் பெண்மணி 11 ஆண்டுகளாகச் சேர்த்துவந்த கலைச்சொல் பட்டியல் ஒன்று அங்கே உண்டு. சட்டம், வேளாண்மை, வங்கி என்று துறைவாரியாக, எந்த ஆங்கிலச் சொல்லுக்கு எந்தத் தமிழ்ச் சொல் என்று யோசித்து, விசாரித்து, முடிவு செய்து பதிந்த பட்டியல்.

ஒரு புதன்கிழமை மாலை அதை அகர வரிசையில் அடுக்கியபோது ஆங்கிலப் பத்தி மட்டும் வரிசை மாறியது. தமிழ்ப் பத்தி இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. கவனிக்காமல் சேமித்துவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் காலையில் பார்த்தால், 'அடமானம்' இருக்க வேண்டிய இடத்தில் 'நாற்றங்கால்'. சரிசெய்ய நினைத்துத் தமிழ்ப் பத்தியையும் வரிசைப்படுத்தி மறுபடியும் சேமித்தார். சிக்கல் இன்னும் இறுகியது.

ஆனாலும் அவர் பதறவில்லை. அலுவலகக் கோப்புகள் எல்லாம் இரவு தோறும் நாக்பூரில் உள்ள கிளையின் கம்ப்யூட்டருக்குத் தேதியிட்ட நகலாகப் போய்ச் சேரும் என்பது அவருக்குத் தெரியும். கம்ப்யூட்டர் நிர்வாகியை போனில் அழைத்தார். "செவ்வாய்க்கிழமை ராத்திரி நகல் இருந்தா போதும், சார்."

நிர்வாகி லக்னோக்காரர். 50 வயதைத் தாண்டியவர். நாக்பூர் மெஷினைத் திறந்து பார்த்தார். கடைசி நகல் செவ்வாய்க்கிழமை எடுத்ததுதான். ஆனால் அது மூன்று வாரத்துக்கு முந்தைய செவ்வாய். அதற்குப் பிறகு 22 இரவுகள் எதுவுமே போய்ச் சேரவில்லை.

என்ன நடந்தது என்பதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. காரணம் அவரே செய்த வேலை.

அங்கே நகலெடுக்கும் பொறுப்பு 'ஆர்சிங்க்' என்ற புரோகிராமுக்கு. 1996இல் ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மெக்கரஸ் இருவரும் வெளியிட்டது. இதன் சிறப்பு சிக்கனம். ஒரு பெரிய கோப்பில் நாலு வரி மாறியிருந்தால் முழுக் கோப்பையும் அனுப்பாது. இரண்டு பக்கமும் கோப்பைத் துண்டு துண்டாக ஒப்பிட்டு, மாறிய பகுதியை மட்டும் அனுப்பும். மெதுவான இணைப்புகளின் காலத்தில் பிறந்த அந்தச் சிக்கனத்துக்கு இன்றும் மவுசு குறையவில்லை.

இதைச் சர்வராக இயக்கும்போது அதற்கு ஒரு குறிப்புக் கோப்பு வேண்டும். எந்தெந்த டைரக்டரியை யார் எடுத்துப் போகலாம், கடவுச்சொல் எங்கே இருக்கிறது போன்ற விவரங்கள் அதில்தான் இருக்கும். வேறு எதுவும் சொல்லாவிட்டால் சர்வர் அதை 'ஈடிசி' டைரக்டரியில் 'ஆர்சிங்க்டி டாட் கான்ஃப்' என்ற பெயரில் தேடும். 'இதர' என்ற பொருளில் பெயர் வைக்கப்பட்ட அந்த ஈடிசி, யூனிக்ஸ் வழி வந்த கம்ப்யூட்டர்களில் குறிப்புக் கோப்புகளின் பொது வீடு. லினக்ஸில் எந்தக் கோப்பு எங்கே இருக்க வேண்டும் என்று வகுத்த பொது விதிகள் முதலில் 1994இல் வந்தன. 2015இல் மூன்றாம் பதிப்பு வந்தது. அந்த மெஷினுக்கே உரிய அமைப்புகளுக்கு அந்த விதிகள் ஒதுக்கிய இடமும் ஈடிசிதான்.

நிர்வாகிக்கு அந்த இடம் பிடிக்காமல் போனதற்கு நியாயமான காரணம் இருந்தது. முந்தைய ஆண்டு ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதிதாக நிறுவியபோது ஈடிசியில் கைப்பட எழுதி வைத்திருந்ததெல்லாம் அழிந்துபோனது. திரும்ப எழுத இரண்டு நாள் பிடித்தது. அதனால் அலுவலகம் தானாக எழுதிய குறிப்புகள் எல்லாவற்றையும் வேறு டிஸ்க்கில் ஒரே டைரக்டரியில் வைப்பது என்று முடிவு செய்தார். வீட்டுப் பத்திரங்களை அலமாரியிலிருந்து லாக்கருக்கு மாற்றுவது போல.

ஒரு சனிக்கிழமை மாற்றினார். சர்வீஸை நிறுத்தினார். கோப்பைப் புதிய இடத்துக்கு நகர்த்தினார். 'கான்ஃபிக்' என்ற ஆப்ஷனில் புது முகவரியைத் தந்து சர்வரைக் கையால் ஓடவிட்டார். கடவுச்சொல் கோப்பு முதலில் முரண்டு பிடித்தது. அதை மற்றவர்கள் படிக்கும்படி அனுமதி இருந்தால் ஆர்சிங்க் ஏற்காது. நகலெடுத்தபோது அந்த அனுமதி மாறியிருந்தது. அதையும் சரிசெய்தார். அன்று இரவு நகல் ஒழுங்காகப் போனது. ஞாயிறு, திங்கள், செவ்வாயும் போனது. வேலை முடிந்தது என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

புதன்கிழமை பகலில் மின்தடை. ஒரு மணி நேரம் கழித்து எல்லா மெஷின்களும் மீண்டும் எழுந்தன. ஆர்சிங்க் சர்வர் மட்டும் எழவில்லை.

மெஷின் எழும்போது சர்வீஸ்களை வரிசையாகத் தொடங்கி வைக்கும் 'சிஸ்டம்டி'க்கு அவர் கையால் தந்த ஆப்ஷன் தெரியாது. அதன் கையில் இருந்தது பழைய குறிப்பு. அதில் ஒரு நிபந்தனையும் உண்டு: ஈடிசியில் அந்தக் கோப்பு இருந்தால் மட்டுமே சர்வரைத் தொடங்கு. கோப்பு அங்கே இல்லை. எனவே தொடங்கவில்லை. நிபந்தனை நிறைவேறாததைச் சிஸ்டம்டி தோல்வியாகக் கருதுவதில்லை. தவிர்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். தோல்விப் பட்டியலைப் பார்த்தாலும் அதில் இந்தப் பெயர் இருக்காது.

நாக்பூர் மெஷின் சும்மா இருக்கவில்லை. இரவு தோறும் 873ஆம் எண் போர்ட்டைத் தட்டிப் பார்த்து, கதவு திறக்கவில்லை என்று மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டேதான் இருந்தது. அந்த மின்னஞ்சல் போன பெட்டி, ஓய்வுபெற்றுப் போன ஒருவருடையது. 22 புகார்கள் படிக்க ஆளில்லாமல் அங்கே குவிந்திருந்தன.

தமிழ்ப் பிரிவில் மீட்பு வேலை தொடங்கியது. மூன்று வாரப் பழைய நகலில் இருந்த ஜோடிகளைக் குழம்பிய பட்டியலிலிருந்து கழித்தார்கள். மீதமானவை அந்த மூன்று வாரத்தில் சேர்த்த சொற்கள். ஆங்கிலம் ஒரு பக்கம், தமிழ் ஒரு பக்கம், 300க்கு மேல். பள்ளிக்கூடத் தேர்வில் வருமே 'பொருத்துக', அதே கதைதான். பெண்மணி காகிதத்தில் அச்சடித்துக்கொண்டு பென்சிலால் கோடு போட்டு இணைத்தார். பெரும்பாலானவை பொருந்திவிட்டன. ஒரே ஆங்கிலச் சொல்லுக்குச் சட்டத்தில் ஒன்றும் வங்கியில் ஒன்றுமாக எழுதிய இடங்களில்தான் கை நின்றது. பழைய சொற்களில் செய்திருந்த திருத்தங்கள் சில நினைவுக்கே வரவில்லை. ஆறு நாள் ஆனது.

அந்த வாரமே மேலதிகாரி கூட்டம் கூட்டினார். யாருடைய தவறு என்பதுதான் முதல் கேள்வி. நிர்வாகியின் கீழ் வேலை பார்க்கும் இளைஞர் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. எல்லோருடைய பார்வையும் அவர் பக்கம் திரும்பியது.

அந்தச் சனிக்கிழமை அவரும் கூடவே இருந்தார் என்பது உண்மை. "சார், பழைய இடத்துல ஒரு லிங்க் வெச்சிடலாமா?" என்று கேட்டதும் அவர்தான். அதாவது, ஈடிசியில் அதே பெயரில், புதிய இடத்தைச் சுட்டிக்காட்டும் ஒரு கைகாட்டி. "ஒரு கோப்புக்கு இரண்டு முகவரி எதற்கு? நாளைக்கு யாராவது குழம்புவார்கள்" என்று நிர்வாகி மறுத்திருந்தார். அந்தக் கைகாட்டி இருந்திருந்தால் நிபந்தனையும் நிறைவேறியிருக்கும், சர்வரும் தானாக எழுந்திருக்கும்.

கூட்டத்தில் நிர்வாகி எழுந்து இதை அப்படியே சொன்னார். இளைஞர் கேட்டது, தான் மறுத்தது, மின்தடைக்குப் பிறகு சரிபார்க்காதது எல்லாவற்றையும் எழுதியும் கொடுத்தார். 26 வருட அனுபவம் என்று அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்லும் அலுவலகத்தில் அப்படி எழுதிக் கொடுப்பது அவருக்குச் சுலபமாக இருந்திருக்காது. மேலதிகாரி படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஃபைலில் வைத்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை இருவரும் சேர்ந்து வேலையை மறுபடி செய்தார்கள். சிஸ்டம்டியின் மூலக் குறிப்பைத் தொடாமல், அதற்கு மேலாகப் பொருந்தும் தனிக் குறிப்பு ஒன்றை எழுதினார்கள். அதில் பழைய தொடக்கக் கட்டளையை வெறுமையாக்கி, புதிய முகவரியோடு கூடிய கட்டளையை எழுதினார்கள். நிபந்தனையையும் அதேபோல் மாற்றினார்கள். இப்படிச் செய்தால் அடுத்து புதிய பதிப்பு வந்து மூலக் குறிப்பு மாறினாலும் இவர்கள் எழுதியது அழியாது. ஈடிசியில் கைகாட்டியும் வைத்தார்கள். நாக்பூரின் புகார் இனி இருவருக்கும் வரும்படி முகவரியை மாற்றினார்கள்.

முன்பு செய்யாத ஒன்றைக் கடைசியாகச் செய்தார்கள். "அணைச்சுப் போடுப்பா" என்றார் நிர்வாகி. இளைஞர் மெஷினை நிறுத்தி மீண்டும் எழுப்பினார். நாக்பூரிலிருந்து ஒரு கோப்பை இழுத்துப் பார்த்தார்கள். வந்தது.

மெஷினின் பக்கவாட்டில் இப்போது ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது. எந்தக் கோப்பு எங்கே போனது, யார் மாற்றியது, என்றைக்கு மாற்றியது என்ற விவரம் இந்தியில் கையெழுத்தாக இருக்கிறது. இளைஞரின் பெயர் முதலில்.

தமிழ்ப் பிரிவுப் பெண்மணி அந்தக் காகிதத்தை நம்பியிருப்பதாகத் தெரியவில்லை. புதன்கிழமை தோறும் காலை பத்து மணிக்கு அவரிடமிருந்து போன் வருகிறது.

"செவ்வாய் நகல் போய்ச் சேர்ந்துடுச்சா, சார்? எந்தச் செவ்வாய்?"