பழந்துணியும் என் நிறமும்

ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். ஆனால் அந்த ஆடைப் பாதி நெடுங்காலம் நம் கையில் இருப்பதில்லை. குழந்தைப் பருவத்தில் பெற்றோர் எடுத்துத் தந்ததை உடுத்தினோம். பள்ளியில் சீருடை அணிந்தோம். கல்லூரிக்குள் அடியெடுத்து வைத்த பிறகுதான் ‘இன்று எதை உடுத்துவது?’ என்னும் கேள்வி நாள்தோறும் காலையில் நம்முன் வந்து நிற்கிறது. வாரத்தில் ஐந்து நாள் கல்லூரி. நான் முதலாண்டில் சேர்ந்தபோது என்னிடம் இருந்தவையோ இரண்டே சுடிதார்கள். கணக்குத் துறை நண்பர்களுக்கும் இது கடினமான கணக்குத்தான். இதற்கான விடை எனக்குக் கிடைத்த இடம் ஒரு பழந்துணி மூட்டை.

என் அம்மா மதுரையில் மூன்று வீடுகளில் வேலை செய்கிறார். தீபாவளி, பொங்கல் வரும்போது அந்த வீடுகளிலிருந்து பழைய துணிகள் வரும். கொசுவம் நைந்த சேலை, அளவு சேராமல் போன சட்டை, இரண்டு முறை கட்டிவிட்டு அலமாரியில் வைத்த பாலியெஸ்டர் புடவை என்று எல்லாம் அதில் இருக்கும். நல்லதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் தெருவில் வரும் பாத்திரக்காரரிடம் போட்டு எவர்சில்வர் கிண்ணம் வாங்குவது எங்கள் வீட்டு வழக்கம். அதற்கும் ஆகாதது அடுப்படியில் கரித்துணியாகும்.

அந்த மூட்டையை வேறு கண்ணோடு பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் தெருவில் இருக்கும் தையற்காரத் தாத்தா. மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபத்தில், கடைகள் குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாற்றப்படும் முன்பு, கல்தூண்களுக்கு இடையே தையல் இயந்திரங்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசையில் பல காலம் மிதித்த கால்கள் அவருடையவை. “புதுத்துணி எப்படி உழைக்கும்னு யாருக்கும் தெரியாது பாப்பா. பழைய துணி உழைச்சுக் காட்டிருச்சுல்ல” என்பார்.

அவரிடம் நான் கற்ற பாடங்கள் சிலவற்றைச் சொல்கிறேன். பழந்துணியை முதலில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். இழை தேய்ந்த இடம் சல்லடைபோல் காட்டிக் கொடுக்கும். சேலை பெரும்பாலும் கொசுவத்தின் அடியிலும் இடுப்பில் செருகும் இடத்திலும்தான் நையும். முந்தானையும் கரையும் உறுதியாகவே இருக்கும். சட்டை முதலில் காலரில் தேயும். காலரைப் பிரித்து, திருப்பிவைத்துத் தைத்தால் அது மறுபிறவி எடுக்கும். என்ன துணி என்று தெரியாவிட்டால் ஓர் இழையை உருவித் தீயில் காட்டலாம். பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும்; பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகச் சுருளும். ஈர வெள்ளைத்துணியால் தேய்த்துப் பார்த்தால் சாயம் போகுமா, போகாதா என்பது தெரிந்துவிடும். இவ்வளவும் பார்த்த பிறகே கத்தரிக்கோலை எடுக்க வேண்டும்.

அடுத்தது நிறம். பழந்துணியில் நமக்கு வேண்டிய நிறம் வேண்டிய அளவில் கிடைக்காது. ஒரு சட்டைக்கு முழுத்துணி இருக்காது; கைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று என்று சேர்க்க வேண்டியிருக்கும். பொருந்தா நிறங்கள் சேர்ந்தால் கேலிக்கு இடமாகாதா என்று முதலில் எனக்கும் தயக்கம் இருந்தது. ஆனால் நம் நெசவாளர்களைப் பாருங்கள்! காஞ்சிபுரத்தில் உடலை ஒரு நிறத்திலும் கரையை நேர்மாறான இன்னொரு நிறத்திலும் மூன்று நாடாக்கள் கொண்டு நெய்து கோக்கிறார்கள். கோர்வை என்று அதற்குப் பெயர். அரக்குக்குப் பச்சை, மயில்கழுத்துக்கு வாடாமல்லி, மாம்பழ மஞ்சளுக்குக் கத்தரிப்பூ! இந்தத் துணிவு நம் மண்ணிலேயே இருக்கும்போது நாம் ஏன் அஞ்ச வேண்டும்?

என் முதல் உடை பாட்டியின் சுங்குடிச் சேலையிலிருந்து பிறந்தது. மதுரையின் சௌராஷ்டிர மக்கள் நூலால் சிறு சிறு முடிச்சுகள் இட்டுச் சாயத்தில் தோய்த்து உருவாக்கிய துணி சுங்குடி. முடிச்சை அவிழ்த்தால் அந்த இடத்தில் வெண்புள்ளி விண்மீன்போல் நிற்கும். 2005 இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பாட்டியின் அரக்குச் சுங்குடி நடுவே கிழிந்திருந்தது. நல்ல பகுதியைத் துப்பட்டாவாக மடித்து அடித்தேன். ஒரு வீட்டு ஐயாவின் கட்டம்போட்ட பெரிய சட்டையைக் காலர் நீக்கி, கழுத்திலும் கையிலும் கிளிப்பச்சைச் சேலைக்கரை வைத்துக் குர்தாவாக்கினேன். கட்டத்தில் ஓடிய மெல்லிய அரக்குக்கோடு துப்பட்டாவோடு பேசியது. அன்றுமுதல் எனக்கு ஒரே விதிதான். எத்தனை நிறம் சேர்த்தாலும், ஒரு நிறமாவது இரண்டு துணிகளில் வர வேண்டும். அந்த ஒன்று மற்றவற்றைக் கைப்பிடித்து அழைத்து வந்துவிடும்.

நிறத்துக்கு விலை உண்டு என்பதையும் நாம் மறக்கக் கூடாது. திருப்பூர்ச் சாயக்கழிவால் நொய்யல் ஆறும், அதன் குறுக்கே 1992 இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையும் பாழ்பட்டதை நாடறியும். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்கு அது போயிற்று. ஒரு துணியில் ஏறிய நிறத்துக்காக எங்கோ ஓர் ஆறு தன் பங்கைக் கொடுத்திருக்கலாம். அந்த நிறத்தைக் குப்பையில் எறியாமல் இன்னும் சில ஆண்டு உடுத்துவது நாம் அதற்குச் செய்யும் சிறு மரியாதை.

இவ்வளவு சொன்ன என்னால் ஒருவரை மட்டும் எளிதில் இணங்கவைக்க முடியவில்லை. அவர் என் அம்மா. பழந்துணியை எடுத்து நான் வெட்டத் தொடங்கினால் அவர் முகம் வாடிவிடும். “நான் நாலு வீட்டு வாசல்ல வாங்கிட்டு வந்தது என்னோட போகட்டும்டி. நீயாவது கடைக்குப் போய் உனக்குப் பிடிச்சதை எடுத்து உடுத்து” என்பார். எனக்கு அது நிறமும் அழகும். அவருக்கோ, கொல்லைப்புறக் கதவருகே நின்று இரு கையும் நீட்டி வாங்கிய நேரம். துணி ஒன்றுதான், அது எங்கள் இருவர் கையிலும் ஒரே எடையோடு இருக்கவில்லை.

அம்மாவின் வருத்தம் வெறும் மனத்தாங்கல் அன்று. உடை எப்போதும் உரிமையோடு பிணைந்தது. தென்திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் போராடினர். 1859 இல்தான் மன்னரின் ஆணை வந்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போலவே அணியக் கூடாது என்னும் நிபந்தனையோடுதான் வந்தது. பிறிதொரு நிகழ்ச்சி நம் மதுரையிலேயே நடந்தது. 1921 செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதியில் தங்கியிருந்த காந்தியடிகள், ஏழை உழவனைப்போல் முழங்கால் அளவுத் துணிக்குத் தம் உடையைக் குறைத்துக்கொண்டார். அங்கே இன்னார் இன்னதைத்தான் உடுத்த வேண்டும் என்று பிறர் விதித்தனர். இங்கே தாம் எதை உடுத்துவது என்பதை ஒருவர் தாமே முடிவு செய்தார். குறைந்த ஆடை இழிவா, பெருமையா என்பதைத் துணியின் அளவா தீர்மானித்தது? முடிவு யாருடையது என்பதன்றோ தீர்மானித்தது!

இந்த எண்ணத்துக்கு ஒரு சோதனை சென்ற ஆண்டு வந்தது. அம்மா வேலை செய்யும் ஒரு வீட்டின் மகளும் நம் கல்லூரியில்தான் படிக்கிறாள். ஒருநாள் நூலக வாசலில் அவள் என் சட்டையை உற்றுப் பார்த்தாள். “இது எங்கம்மா புடவை மாதிரியே இருக்கே!” என்றாள். கூட இருந்த தோழியர் சட்டென்று பேச்சை நிறுத்தினர். என் காது சுட்டது. ஆயினும் தலை குனியவில்லை. “ஆமா, புடவை உங்கம்மாவோடது. சட்டை என்னோடது” என்றேன். அவள் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு கைவிளிம்பைத் தொட்டுப் பார்த்து, “இந்தப் பச்சை எங்க வீட்டுது இல்லையே, எங்க பிடிச்ச?” என்று கேட்டாள். வைகைக்கரையில் நடைபாதைக் கடையில் வாங்கிய துண்டுத்துணி அது என்றேன். அவ்வளவுதான் நடந்தது. நாங்கள் உயிர்த்தோழியர் ஆகிவிடவில்லை. ஆனால் அதன் பிறகு அவள் என்னைப் பார்க்கும்போது துணியைப் பார்ப்பதில்லை. என் முகத்தைப் பார்க்கிறாள்.

வீட்டுக்குச் சென்று அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அந்தத் தீபாவளிக்குத் தம் கூலியில் எனக்குப் புத்தாடை எடுத்தார். அதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. அதிகாலையில் அதன் மூலையில் மஞ்சள் தடவும்போது, நான் தைத்த குர்தாவையும் எடுத்து நீட்டினேன். “பழசுக்கு எதுக்குடி மஞ்சள்?” என்றார். “தைச்சது புதுசும்மா” என்றேன். விரலில் மிஞ்சியிருந்த மஞ்சளை அதன் ஓரத்தில் வைத்துவிட்டு, தையலைத் திருப்பிப் பார்த்தார். “இந்தக் கை கொஞ்சம் இழுக்குது, பிரிச்சுத் தை” என்றார். அம்மா அந்தத் துணியைப் பற்றிக் குறை சொன்ன அந்தக் கணத்தில்தான் அது எங்கள் வீட்டுத் துணியாயிற்று.

நண்பர்களே! பழையதைத்தான் உடுத்த வேண்டும் என்று உங்களுக்கு அறிவுரை கூற நான் வரவில்லை. கந்தையையும் கசக்கிக் கட்டச் சொன்ன முன்னோர் அதைச் செம்மையாகவே கூறிச் சென்றுவிட்டனர். கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. பழந்துணியைத் துவைத்து, மடித்து, முன்வாசலில் வைத்துக் கொடுங்கள்; வேண்டியதை எடுத்துக்கொள்ளவும் வேண்டாததை விட்டுச் செல்லவும் இடம் கொடுங்கள். வாங்கி உடுத்துபவர்களுக்கும் ஒரு சொல். கையில் ஊசி இருக்கிறது. நிறத்தைத் தேர்ந்தெடுக்கக் கண் இருக்கிறது. நாமே தேர்ந்து, நாமே தைத்து உடுத்தியபின் அது யாருடைய பழசும் அன்று.