பின்னால எறியச் சொன்னது நாங்கள்தான்



போன சனிக்கிழமை மைதான ஓரத்தில் நின்று "முன்னுக்கு எறிடா!" என்று சத்தம் போட்ட வாப்பாமாருக்கும் நானாமாருக்கும்தான் இந்தப் பதிவு. கோபத்தில் எழுதவில்லை. டிஸ்க்கைப் பின்னால எறியச் சொன்னது நாங்கள்தான். ஏன் என்று உங்களிடம் சொல்லாமல் விட்டது எங்கட பிழை.

அல்டிமேட் பிரிஸ்பி எங்கட பிள்ளைகளுக்குப் புதிய விளையாட்டு. 1968 இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் பாடசாலை மாணவர்கள் தொடங்கியது. சென்னைக் கடற்கரையில் இதை விளையாடும் ஓர் அணியைப் பற்றி '175 கிராம்ஸ்' என்று ஒரு குறும்படமே இருக்கிறது. டிஸ்க்கின் நிறை அவ்வளவுதான். பக்கத்துக்கு ஏழு பேர். மைதானம் 100 மீற்றர் நீளம், இரு முனையிலும் 18 மீற்றர் கோல் பகுதி. அதற்குள் நம்மவர் ஒருவர் பிடித்தால் புள்ளி. டிஸ்க் கையில் இருப்பவர் ஓடக் கூடாது. எதிரணிக்காரர் முன்னால் நின்று பத்து வரை எண்ணுவதற்குள் எறிந்துவிட வேண்டும். நடுவர் கிடையாது, உலகப் போட்டியிலும் பிழையை வீரர்களே சொல்லிக்கொள்வார்கள்.

எங்கட பிள்ளைகள் கோல் கோட்டுக்குப் பத்து மீற்றர் வரை அழகாக வருவார்கள். அங்கே வந்ததும் எல்லாம் முடிந்துவிடும். காரணம் இடம்தான். நடு மைதானத்தில் எதிரணிக்காரர் முன்னாலும் பார்க்கணும், தலைக்கு மேலால போகும் நீண்ட எறியையும் பார்க்கணும். கோட்டுக்குக் கிட்ட வந்தால் பின்னால் ஓட இடமில்லை, பதினாலு பேரும் ஒரே இடத்தில் நெருக்குவார்கள். பலமாக எறிந்து பிரயோசனமில்லை.

அதனால் இப்போது பயிற்சியில் பாதி நேரம் இதுதான். கோட்டுக்குப் பத்து எட்டு தள்ளி ஒருவர் டிஸ்க்கோடு நிற்பார். கோல் பகுதியின் நடுவில் ஐந்து பேர் வரிசையாக. முன் மூலை இரண்டிலும் கோன். முதல் ஆள் ஒரு பக்கம் போவது போல இரண்டு எட்டு வைத்து, சட்டென்று திரும்பி மற்ற மூலைக்கு ஓடணும். எறிபவர் ஆளைப் பார்த்து எறியக் கூடாது, கோனைப் பார்த்து எறியணும். ஆள் வரும்போது டிஸ்க் அங்கே இருக்க வேண்டும். கிடைக்காவிட்டால் ஓடியவர் உடனே ஓரத்தால் விலகி வரிசையின் கடைசிக்குப் போகணும். இந்த விலகுவதுதான் கஷ்டம். மூலையிலேயே நின்று "சேர், நான் சும்மாதானே நிக்கிறேன்" என்பார்கள். அவர் நிற்பதால்தான் அடுத்தவருக்கு இடமில்லை.

எண்ணிக்கை ஆறுக்கு வந்தும் வழியில்லையா? பின்னால் நிற்பவருக்குக் கொடுத்துவிடணும். எதிரணி முழுக்க இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது அடுத்த மூலை ஒரு கணம் திறந்திருக்கும். அவர் அங்கே எறிவார். அந்த ஒரு கணத்துக்காகத்தான் பின்னால எறியச் சொல்கிறோம்.

பெண் பிள்ளைகள் தனி நேரத்தில் டீச்சரோடு பழகுகிறார்கள். இதை இரண்டு நாளில் பிடித்துக்கொண்டார்கள். அங்கே ஓரத்தில் நின்று சத்தம் போட ஆள் இல்லை என்பதும் காரணமாக இருக்கலாம், சும்மா சொல்கிறோம்.

சனிக்கிழமை அந்தப் பிள்ளை ஆறு எண்ணியதும் நாங்கள் பழக்கியபடி பின்னால் திரும்பினான். எதிர்க் காற்றில் டிஸ்க்கின் முன்விளிம்பு கொஞ்சம் உயர்ந்துவிட்டது, தூக்கிப்போய் விழுந்தது. எதிரணி புள்ளி எடுத்தது. அதற்குத்தான் அவ்வளவு சத்தம். அவன் எடுத்த முடிவு சரி. விளிம்பைத் தாழ்த்தி எறிய ஒரு பின்னேரத்தில் பழக்கிவிடலாம். ஆனால் அன்றிலிருந்து அவன் பயிற்சிக்கு வரவில்லை.

இன்னொன்றும் நடந்தது, ஓரத்தில் நின்ற யாருக்கும் தெரியாது. அதே ஆட்டத்தில் அவன் ஒரு புள்ளியைப் பிடித்துவிட்டு, "சேர், கால் கோட்டில" என்று தானே கை தூக்கினான். கோட்டில் கால் பட்டால் புள்ளி இல்லை. வேறு யாரும் அதைக் கண்டிருக்கவில்லை.

செவ்வாயும் வியாழனும் அஸர் தொழுதுவிட்டு நாலு மணிக்குப் பயிற்சி. மஹ்ரிபுக்கு முன் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள், இன்ஷா அல்லாஹ். வாப்பாமாரும் வாருங்கள். முன்னால் நின்று பத்து வரை எண்ண எங்களுக்கு ஆள் பத்தாது.