பிள்ளை வைத்தியமும் பெரியவர் வைத்தியமும்

தோட்டத்தில் கணக்கு எழுதுகிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. ஓர் ஆள் ஒரு டிவிஷனிலிருந்து மற்றொரு டிவிஷனுக்கு மாறும்பொழுது, பழைய செக்ரோலில் அவன் பெயரை அடிக்கிற அதே நாளில் புதிய செக்ரோலில் அதனை ஏற்றிவிட வேண்டும். இடையில் ஒரு நாள் விடுபட்டாலும் அவன் எந்தக் கணக்கிலும் இல்லாதவனாகிறான். உழைத்திருப்பான், ஆனால் கூலி இராது. கூலி விஷயத்தில் இத்தனை ஜாக்கிரதை காட்டுகிற நாம், உயிர் விஷயத்தில் அதே ஜாக்கிரதை காட்டுகிறோமா என்பதே இங்கு நாம் கேட்க எடுத்துக்கொண்ட கேள்வி.

நாம் சொல்ல வந்தது எச்.ஐ.வி. கிருமியோடு வளர்ந்து வாலிபப் பிராயத்தை அடையும் பிள்ளைகளைப் பற்றி. இப்பெயரைக் கண்டவுடன் பக்கத்தைப் புரட்டிவிடும் அன்பர்கள் சிலர் இருக்கக்கூடும். அவர்களையே முதலில் வேண்டிக்கொள்கிறோம்: சற்றுப் பொறுத்து வாசியுங்கள். இந்த வியாதியால் இறப்பவர்களில் பலரைக் கொல்வது கிருமி மாத்திரமன்று. பக்கத்தைப் புரட்டிவிடும் அந்தப் பழக்கமும் கூடவே நின்று கொல்கிறது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லுவோம். 1981ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இவ்வியாதி முதன்முதலாக அறிவிக்கப்பட்டது. மலேசியாவில் முதல் நோயாளி கண்டறியப்பட்டது 1986இல். அதே ஆண்டில்தான் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் இக்கிருமி இருப்பதை முதன்முதலாகக் கண்டு வெளியிட்டனர். அக்காலத்தில் இது மரண தண்டனைக்கு ஒப்பாயிருந்தது. 1996க்குப் பிறகு பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை பரவிற்று; அன்றுதொட்டு இது நீரிழிவைப்போல் நெடுங்காலம் கூடவே இருக்கும் ஒரு நோயாக மாறிவிட்டது. தினந்தோறும் மருந்து உண்பவரின் இரத்தத்தில் கிருமி, பரிசோதனையில் அகப்படாத அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அந்நிலையை விடாது காத்து வருகிறவர் தம் துணைவருக்கு உடலுறவின் மூலம் கிருமியைக் கொடுப்பதில்லை என்பதையும் ஆராய்ச்சிகள் ஐயமற நிலைநாட்டியுள்ளன.

தாயிடமிருந்து பிள்ளைக்குச் செல்லும் வழியையும் விஞ்ஞானம் அடைத்திருக்கிறது. சிகிச்சை இல்லாவிடில் நூறு பிள்ளைகளில் 15 முதல் 45 பேர் வரைக்கும் கிருமியைப் பெறுவர். கருவுற்ற தாய்மாரைப் பரிசோதிக்கும் திட்டம் மலேசியாவில் 1998இல் தொடங்கிற்று. தாய்வழித் தொற்றை ஒழித்த நாடு என்று 2018இல் உலக சுகாதார நிறுவனம் நமது நாட்டுக்குச் சான்று வழங்கியது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் இச்சான்றைப் பெற்ற முதல் நாடு நம் நாடே. பெருமைப்பட வேண்டிய செய்திதான்.

ஆயினும் இப்பெருமைக்குள் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. புதிதாகக் கிருமியோடு பிறக்கும் குழந்தைகள் அரிதாகிவிட்டார்கள், மெத்த நல்லது. ஆனால் முன்பே அவ்விதம் பிறந்தவர்கள் மறைந்துவிடவில்லை. அவர்கள் வளர்ந்துவிட்டார்கள். மீசை அரும்பிய பையன்களாகவும், வேலைக்குப் போகும் பெண்களாகவும் நம் லயங்களிலும், தாமான்களிலும், அடுக்குமாடிகளிலும் வாழ்கிறார்கள். வேறு வழிகளில் இளம் வயதிலேயே தொற்றைப் பெற்றவர்களும் இருக்கிறார்கள். எண்ணிக்கை குறையக் குறைய ஊரின் கவனமும் குறைவது உலக இயற்கை. ஆகையால்தான் இவர்களைப் பற்றி இப்பொழுது பேசவேண்டியிருக்கிறது.

நிற்க. நாம் அறிந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுகிறோம். சம்பந்தப்பட்ட வாலிபனின் சம்மதம் பெற்று, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே எழுதுகிறோம்.

டெங்கில் வட்டாரத்துத் தோட்டங்களில் மலாயிலோ ஆங்கிலத்திலோ கடிதம் வந்தால் அதைத் தூக்கிக்கொண்டு கிராணியிடம் வருவது இன்றும் முதியோரின் வழக்கம். அவ்வாறே ஒரு பாட்டி, மடியில் செருகிய கடிதத்தோடு நம் ஆபீசுக்கு வந்தாள். “கரண்டு பில்லா ஐயா இது, பார்த்துச் சொல்லுங்க” என்றாள். பிரித்து இரண்டு வரி பார்த்தோம். அது ஒரு வைத்தியசாலையிலிருந்து அவளுடைய பேரன் பெயருக்கு வந்த கடிதம். உடனே அதை மடித்துவிட்டு, “பாட்டி, இது தம்பி பேருக்கு வந்த கடிதம். அவனையே வரச் சொல்லுங்கள், அவனிடந்தான் படித்துக் காட்டுவேன்” என்றோம்.

பாட்டியின் முகம் மாறிற்று. கதவண்டை போய் வெளியே பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, தணிந்த குரலில் சொன்னாள்: “அவனுக்குத் தெரிய வேணாம் ஐயா. அவன் அப்பனும் ஆத்தாளும் போனதிலிருந்து சத்து மாத்திரைன்னு சொல்லித்தான் கொடுத்துக்கிட்டு வர்றேன். தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவான்.”

மறுநாள் மாலை பேரன் வந்தான். பதினெட்டு வயது நிறைந்து சில மாதங்களே ஆகியிருந்தன; சாலாக் திங்கிப் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை. கதவைச் சாத்திக்கொண்டு கடிதத்தைப் படித்தோம். இனி அவன் குழந்தைகள் பிரிவுக்கு வர வேண்டியதில்லை என்றும், பெரியவர்கள் பிரிவில் இன்ன தேதியில் ஆஜராக வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. அத்தேதியோ கடந்து மூன்று வாரமாகிவிட்டது. நோயின் பெயரை எவ்விதம் சொல்லுவது என்று நாம் தயங்குவதைக் கண்டு அவனே சொன்னான்: “எனக்குப் பதிமூணு வயசிலேயே தெரியும் அண்ணே. டப்பாவில் இருந்த பேரைப் போனில் போட்டுப் பார்த்தேன். பாட்டி தாங்கமாட்டாங்கன்னு சொல்லவே இல்லை.”

பேரன் உடைந்துபோவான் என்று பாட்டி மறைத்தாள்; பாட்டி உடைந்துபோவாள் என்று பேரன் மறைத்தான். ஒரே கூரையின் கீழ் ஐந்து வருஷம் இந்த நாடகம் நடந்திருக்கிறது. இருவரும் அன்பினாலேயே மறைத்தார்கள் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த அன்பின் கணக்கு எங்கே வந்து முடிந்தது? வீட்டில் ஒன்பது நாளைக்கு மாத்திரமே மாத்திரை இருந்தது. பழைய பிரிவில் பெயர் அடிபட்டாயிற்று. புதிய பிரிவில் பெயர் ஏறவில்லை. செக்ரோலுக்கும் செக்ரோலுக்கும் நடுவே விழுந்த ஆள் இவன்தான்.

அவன் இடையில் விழுந்ததற்கு வெறும் தேதி தவறியதுதான் காரணம் என்று எண்ணிவிடலாகாது. குழந்தைகள் பிரிவில் ஒரே டாக்டர் பல வருஷம் பார்த்திருப்பார். வரத் தவறினால் தாதி போன் செய்து கேட்பாள். கேள்விகளுக்கெல்லாம் பாட்டியே பதில் சொல்லுவாள். பெரியவர்கள் பிரிவிலோ எண் சீட்டை எடுத்துக்கொண்டு தனியே உட்கார வேண்டும். இன்று பார்த்த டாக்டரை அடுத்த முறை பார்ப்போமென்ற நிச்சயமில்லை. “என்ன மருந்து சாப்பிடுகிறாய், கடைசிப் பரிசோதனையில் கிருமியின் அளவு என்ன” என்று நேரே இவனைத்தான் கேட்பார்கள். நமது நாட்டுச் சட்டப்படி பதினெட்டு வயது நிறைந்தவர் மேஜர். நேற்றுவரை காப்பாளர் கையெழுத்திட்டார்; இன்று தானே கையெழுத்திட வேண்டும். ஒரே இரவில் ஒரு பிள்ளை பெரியவனாகிவிடுகிறான் என்பது சட்டத்துக்குச் சௌகரியமான கற்பனையேயன்றி மனித இயற்கையன்று.

செம்பனை நாற்று வளர்ப்பவர்களுக்கு இது தெரியும். முளைவிட்ட விதையைச் சிறு பையில் நட்டு நிழலில் வைப்பார்கள். சுமார் மூன்று மாதம் கழித்துப் பெரிய நாற்றங்காலுக்கு மாற்றுமுன், நிழலைச் சிறிது சிறிதாக அகற்றி வெயிலுக்குப் பழக்குவார்கள். ஒரே நாளில் வெயிலில் தள்ளினால் இலை கருகிவிடும். கன்றுக்கு நாம் காட்டும் இந்தப் பக்குவத்தைப் பிள்ளைக்கும் காட்டவேண்டும் என்பதே நம் கட்சி.

அப்பக்குவம் யாது? முதலாவது, நோயின் பெயரைச் சொல்லுதல். பள்ளி செல்லும் வயதுப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய நிலையைச் சொல்லிவிட வேண்டும் என்றும், சிறு பிள்ளைகளுக்கு அறிவு வளர்ச்சிக்கேற்பப் படிப்படியாகச் சொல்ல வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2011லேயே வழி வகுத்திருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை தாங்குமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று கூறுவோம். எச்.ஐ.வி. பற்றி இந்தியாவில் இயற்றப்பட்ட 2017ஆம் ஆண்டுச் சட்டம், பெற்றோர் நோயுற்ற குடும்பத்தில் பன்னிரண்டு வயதுக்குக் குறையாத, பக்குவம் பெற்ற பிள்ளையைத் தன் தம்பி தங்கையருக்குக் காப்பாளராகவே ஏற்றுக்கொள்கிறது. தம்பியின் சுமையைத் தாங்கத் தக்க பிள்ளை தன் நோயின் பெயரைத் தாங்காதோ?

இரண்டாவது, மருந்தின் பொறுப்பைக் கைமாற்றுதல். முதலில் பாட்டி எடுத்துக் கொடுக்கப் பேரன் உண்பான்; பிறகு பேரன் எடுத்து உண்ணப் பாட்டி பார்த்திருப்பாள்; அதன்பின் பார்க்கவும் வேண்டாம். அடிக்கடி வேளை தவறினால் கிருமி அம்மருந்துக்கு அடங்காததாக மாறிவிடும் என்ற காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காரணம் தெரியாத கட்டளையை எந்த வாலிபனும் நெடுநாள் மதிப்பதில்லை.

மூன்றாவது, டாக்டரிடம் தனியே பேசப் பழக்குதல். பதினான்கு பதினைந்து வயதில் காப்பாளர் சிறிது நேரம் வெளியே அமர்ந்து, பிள்ளை மாத்திரம் உள்ளே இருக்கட்டும். பாட்டியின் முன் கேட்க முடியாத கேள்விகள் அப்பிராயத்தில் ஆயிரம் உண்டு. நான் கல்யாணம் செய்துகொள்ளலாமா? எனக்குக் குழந்தை பிறந்தால் அதற்கும் வருமா? இவற்றுக்கு இன்று நல்ல விடைகள் இருக்கின்றன. மருந்து தவறாதவர் மணம் புரியலாம். தக்க சிகிச்சையோடு கிருமியற்ற குழந்தையையும் பெறலாம். இந்த விடை சரியான வாயிலிருந்து சரியான காலத்தில் வராவிட்டால், தவறான விடை தெருவிலிருந்து வரும்.

நான்காவது, புதிய இடத்தை முன்கூட்டியே காட்டுதல். குழந்தைகள் பிரிவினர் ஒவ்வொருவரும் இம்மாற்றத்துக்கு எழுத்து மூலமான ஒழுங்கு வைத்திருக்க வேண்டுமென்று அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகம் 2013இல் வற்புறுத்தியது. நாள் குறிப்பதற்கு முன்பே ஒருமுறை பெரியவர்கள் பிரிவுக்கு அழைத்துச் சென்று, அங்குள்ள தாதியைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துவதும், சிகிச்சை விவரக் குறிப்பைப் பிள்ளையின் கையிலேயே கொடுப்பதும், புதிய இடத்தில் இரண்டு முறையாவது ஆஜரானான் என்று தெரியும்வரை பழைய பிரிவில் பெயரை அடிக்காதிருப்பதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல.

இவையெல்லாம் வைத்தியசாலையின் வேலை, நமக்கென்ன என்று சொல்வாருண்டு. மருந்து கொடுப்பது வைத்தியசாலையின் வேலைதான். அரசாங்க வைத்தியசாலைகளில் முதல் வரிசை மருந்துகள் இலவசமாகவே கிடைக்கின்றன. தூரமும் முன்போலில்லை, 2023 முதல் புத்ராஜெயா சென்ட்ரலில் ஏறினால் கோலாலம்பூர் வைத்தியசாலை நிலையத்தைக் கடந்து சுங்கை பூலோ வரை ஒரே ரயிலில் செல்லலாம். மருந்தும் பாதையும் இருந்தும் பிள்ளை நடுவழியில் நிற்பானாகில், அவனைத் தடுப்பது நாமேயன்றி வேறு யார்?

சுங்கை பூலோ என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. தொற்றுநோய்களுக்கான பெரிய வைத்தியசாலை இன்று விளங்கும் அந்த ஊரில்தான் 1930இல் குஷ்டரோகிகளுக்கான குடியிருப்பு அமைக்கப்பட்டது. அங்கே பிறந்த குழந்தைகளைத் தாயின் கையிலிருந்து பிரித்து அனுப்பினார்கள். அந்நோய்க்கு மருந்து வந்து எத்தனையோ வருஷமாகியும் அந்தத் தாய்மாரின் மனப்புண் ஆறவில்லை. மருந்து கிருமியைத் தீர்க்கும். ஊரார் இட்ட பழியைத் தீர்க்காது. அதனைத் தீர்க்க வேண்டியவர்கள் ஊராரே.

“எப்படி வந்தது?” என்று கேட்பது நம்மவர்களின் முதல் கேள்வியாக இருக்கிறது. பாவம் என்பார்கள், தலைவிதி என்பார்கள், நடத்தை என்பார்கள். பிறக்கும்போதே பெற்றுவந்த பிள்ளைக்கு என்ன நடத்தை? பிறகு பெற்றவனாகவே இருக்கட்டும். சளிக்கு மருந்து கேட்பவனை எந்த மழையில் நனைந்தாய் என்று விசாரித்தா மருந்து கொடுக்கிறோம்? முதல் கேள்வி “இன்று மருந்து சாப்பிட்டாயா?” என்பதாக இருக்கட்டும். அக்கேள்வி ஒன்றே போதும். இரண்டாவது கேள்வி வேண்டியதில்லை.

நாம் சொன்ன வாலிபன் நம் ஆபீஸ் போனிலிருந்து தானே வைத்தியசாலையை அழைத்துப் பேசினான். நாம் பேசித் தருவதாகச் சொன்னதை அவன் ஏற்கவில்லை. மாத்திரை தீருவதற்கு மூன்று நாள் முன்னதாகப் போய்ச் சேர்ந்தான். முதல் நாள் வெகு நேரம் காத்திருந்து, இனி இங்கே வரவே கூடாது என்று எண்ணித் திரும்பினானாம். இரண்டாம் முறை அவனைப் போக வைத்தது, பழைய பிரிவின் தாதி ஒருத்தி, “புது இடம் எப்படி இருக்கிறது?” என்று கேட்ட ஒரு போன். பாட்டியிடம் உண்மையைச் சொன்னதும் அவனே. அவள் அழுதாள் என்றும், பிறகு அன்றைய மாத்திரைக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள் என்றும் சொன்னான்.

வாசகர்களுள் முதலாளிகள் இருப்பின், வைத்தியசாலைத் துண்டைக் காட்டும் இளைஞனிடம் நோயின் பெயரைக் கேளாது லீவு கொடுங்கள். ஆசிரியர்கள் இருப்பின், இந்நோய் எதனால் பரவும், எதனால் பரவாது என்பதை வகுப்பில் வாய்விட்டுச் சொல்லுங்கள். பாட்டன் பாட்டிமார் இருப்பின், மாத்திரையின் மெய்ப்பெயரைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். அவர்களில் பலர் அதை ஏற்கெனவே அறிந்திருப்பார்கள். உங்கள் வாயால் கேட்கத்தான் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.