ஏட்டில் உறங்கிய இசை

நூல் ஒன்று நூறாண்டுகள் பேழைக்குள் கிடந்தாலும், எடுத்துப் பிரித்தவுடன் பேசத் தொடங்கிவிடும். சீறாப்புராணம் நீண்ட காலம் ஓலைச்சுவடியில் இருந்தது. 1842இல் புலவர் நாயகம் சேகு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் அதனை அச்சேற்றிய பின், எழுத்தறிந்தோர் அனைவர் கைக்கும் அது எட்டிற்று. ஆனால் இசையின் நிலை அவ்வாறன்று. தாளில் குறியிட்டு வைத்த இசை அச்சேறிய பின்னும் ஊமையாகவே கிடக்கும். அதனை வாசிக்கும் கை ஒன்று வாய்த்தாலன்றி அதற்கு உயிர் இல்லை. எழுதியவர் மறைந்து, வாசிப்போரும் அற்றுப்போனால், அவ்விசை இருந்தும் இல்லாததே ஆகும்.

இவ்வுண்மையை நமக்கு உணர்த்தியது, வெளிநாட்டில் பணியாற்றும் நண்பர் ஒருவர் அனுப்பிவைத்த குறுந்தட்டு. ஆங்கிலேயப் பியானோக் கலைஞர் கேத்ரின் ஸ்டாட் வாசிக்க, சுவீடன் நாட்டின் பிஸ் நிறுவனம் வெளியிட்ட இசைத்தட்டு அது. இயற்றியவர் பெயர் ஜான் ஃபோல்ட்ஸ் என்றிருந்தது. அப்பெயரை நாம் அதற்குமுன் கேட்டதில்லை. எனினும் "முறைகளில் கட்டுரைகள்" என்று பொருள்படும் ஒரு தலைப்பும், "காந்தர்வ இசை" என்னும் மற்றொரு தலைப்பும் நம்மை நிறுத்திவைத்தன.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் நாம் குடியிருக்கும் பகுதியில், மாலை வேளையில் கீபோர்டு பயிலும் பிள்ளைகளின் ஒலி வீட்டுக்கு வீடு கேட்கும். பெரும்பாலும் மேஜர் ஸ்கேல்தான். அது நம் சங்கராபரணமே என்பதை அவர்களுள் பலர் அறியார். அவ்வொலிக்குப் பழகிய நம் செவிக்கு இத்தட்டில் ஒலித்த பியானோ புதுமையாக இருந்தது. கருவி மேலை நாட்டுக் கருவி. அதில் நடந்த சுரங்களோ மேலை நாட்டில் வழங்கும் வழக்கமான வரிசைகள் அல்ல. ஒரு கட்டுரை எந்தச் சுரங்களோடு தொடங்கிற்றோ, இறுதிவரை அச்சுரங்களை விட்டு விலகாமலே சென்றது. இராகம் பாடும் ஒருவர் அந்நியச் சுரத்தைத் தீண்டாது காப்பதைப் போன்ற ஒரு கட்டுப்பாடு அதில் இருந்தது. இவர் யார், இம்முறையை எங்கே கற்றார் என்று தேடத் தொடங்கினோம்.

மான்செஸ்டரிலிருந்து கல்கத்தா வரை

ஃபோல்ட்ஸ் 1880இல் மான்செஸ்டரில் பிறந்தார். தந்தையும் இசைக்குழுக் கலைஞரே. இசையைப் பெரும்பாலும் தாமே கற்றுக்கொண்ட ஃபோல்ட்ஸ், 1900இல் புகழ்பெற்ற ஹாலே இசைக்குழுவில் செல்லோ வாசிப்பவராகச் சேர்ந்தார். எளிய இன்னிசைத் துண்டுகள் பல இயற்றிப் பொதுமக்களிடையே பெயர் பெற்றார். ஆயினும் அவர் உள்ளம் வேறு திசையை நாடிற்று.

1915இல் மோட் மெக்கார்த்தி என்னும் பெண்மணியை அவர் சந்தித்தார். இளமையிலேயே வயலின் மேதையாகப் போற்றப்பட்ட அயர்லாந்து நாட்டவர் இவர். அன்னி பெசன்ட் அம்மையாருடன் இந்தியாவுக்கு வந்து, நம் இசையை முறையாகப் பயின்று, இலண்டன் திரும்பிய பின் இந்திய இசை குறித்துச் சொற்பொழிவுகள் ஆற்றியவர். ஃபோல்ட்ஸின் வாழ்க்கைத் துணைவியாகவும் ஆனார். தென்னாட்டு இசையின் வாசல் ஃபோல்ட்ஸுக்கு இவர் வழியாகவே திறந்தது எனலாம்.

முதல் உலகப் போரில் மாண்டோரை நினைந்து ஃபோல்ட்ஸ் இயற்றிய "உலக இரங்கலிசை" 1923ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் இலண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் அரங்கேறியது. பாடுவோரும் வாசிப்போருமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் பங்கேற்றனர். விவிலிய வாசகங்களோடு நம் நாட்டுக் கபீர்தாசரின் பாடலையும் அவர் அதில் இணைத்திருந்தார் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. 1926 வரை ஆண்டுதோறும் நடைபெற்ற அந்நிகழ்ச்சி பின்னர் நின்றுபோயிற்று. ஃபோல்ட்ஸின் பெயரும் மெல்ல மங்கத் தொடங்கியது.

1935இல் அவர் குடும்பத்துடன் இந்தியா வந்தார். 1937இல் தில்லி அகில இந்திய வானொலியில் மேலை இசைப் பிரிவின் தலைவரானார். சேலத்து மக்களுக்கு அந்த ஆண்டு வேறொரு வகையில் நினைவிருக்கும். நம் ஊர் மாடர்ன் தியேட்டர்ஸ் தன் முதற்படமான "சதி அகல்யா"வை வெளியிட்டதும் 1937இல்தான். திரைப்படக் கூடங்களில் ஆர்மோனியமும் வயலினும் தபேலாவும் ஒன்றுகூடத் தொடங்கிய அக்காலத்தில், தில்லியில் ஃபோல்ட்ஸ் இந்தியக் கருவிக் கலைஞர்களைத் திரட்டி, இசைக்குறியைப் பார்த்து வாசிக்கப் பழக்கி, ஒரு கூட்டிசைக் குழுவை அமைத்தார். கிழக்கும் மேற்கும் ஒரே மேடையில் இணைய வேண்டும் என்பது அவர் வேட்கை. கல்கத்தா நிலையத்திற்கு மாற்றம் பெற்றுச் சென்ற அவரை, 1939 ஏப்ரலில் காலரா நோய் சில நாட்களில் கொண்டுபோயிற்று. அப்போது அவருக்கு அகவை 58. "கிழக்கு மேற்குச் சிம்பொனி" என்னும் அவரது படைப்பு இன்று கிடைக்கவில்லை.

பன்னிரண்டும் எழுபத்திரண்டும்

ஃபோல்ட்ஸின் பியானோக் கட்டுரைகளின் சிறப்பை உணர, நம் மேளகர்த்தா முறையைச் சற்றே நினைவுகூர்தல் வேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சையில் வாழ்ந்த வேங்கடமகி "சதுர்தண்டிப் பிரகாசிகை" என்னும் நூலில் வகுத்த கணக்கு அது. பியானோவிலோ ஆர்மோனியத்திலோ ஒரு சட்ஜத்திலிருந்து மேல் சட்ஜத்திற்கு முன்வரை பன்னிரண்டு கட்டைகள் உள்ளன. சட்ஜமும் பஞ்சமமும் அசையா நிலையின. மத்திமம் இரண்டு. ரிஷப காந்தாரங்களுக்கு உரிய நான்கு இடங்களில் இரண்டிரண்டாகத் தேர்ந்தால் ஆறு வகை. தைவத நிஷாதங்களுக்கும் அவ்வாறே ஆறு வகை. ஆறை ஆறால் பெருக்கி, இரண்டு மத்திமங்களாலும் பெருக்கினால் எழுபத்திரண்டு. கனகாங்கியில் தொடங்கி இரசிகப்பிரியாவில் முடியும் இந்த வரிசையை ஒரு சிறுவனும் விரல்விட்டு எண்ணி அறியலாம்.

மேலை நாட்டவர் கையிலும் இதே பன்னிரண்டு கட்டைகள்தாம் இருந்தன. ஆயினும் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் அவர்கள் மேஜர், மைனர் என்னும் இரு வழிகளிலேயே பெரிதும் நடந்தனர். நம் கணக்கில் மேஜர் என்பது 29ஆம் மேளமாகிய தீரசங்கராபரணம். இயல்பான மைனர் 20ஆம் மேளமாகிய நடபைரவி. எஞ்சிய வாசல்கள் பெரும்பாலும் பூட்டியே கிடந்தன. ஃபோல்ட்ஸ் அப்பூட்டுகளைத் திறந்து பார்த்தவர். ஏழு சுர முறைகளை வரிசைப்படுத்தி ஆராய்ந்தார். முறைக்கு ஒன்றாகப் பியானோக் கட்டுரைகளை 1920களில் இயற்றினார். அயல்நிலம், அகநோக்கு, படைநடை என்றவாறு ஒவ்வொன்றுக்கும் அதன் குணத்தைக் காட்டும் தலைப்பிட்டார். ஒரு முறையைத் தேர்ந்த பின் அதற்குப் புறம்பான சுரம் ஒன்றையும் அக்கட்டுரைக்குள் அவர் நுழையவிடவில்லை. மேலை இசையில் அடிக்கடி சுருதி நிலை மாறிச் செல்வதே வழக்கமாயிருக்க, இவர் ஒரே வீட்டுக்குள் இருந்து அதன் அறைகளையெல்லாம் காட்டினார்.

கட்டையும் கமகமும்

இவ்விடத்து நடுநிலையோடு ஒன்று கூறுதல் கடன். மேளம் வேறு, இராகம் வேறு. ஏழு சுரங்களை அடுக்கிவிட்டால் தோடியாகாது. தோடியின் காந்தாரம் அசைய வேண்டிய வகையில் அசைதல் வேண்டும். பியானோவின் கட்டையைத் தட்டினால் ஒலி நிலையாக நிற்கும். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் வழி அங்கில்லை. ஆகவே ஃபோல்ட்ஸின் கட்டுரைகளில் கல்யாணியையோ தோடியையோ எதிர்பார்த்துச் செவி கொடுப்போர் ஏமாறுவர். நம் வீட்டின் அடிமனைக் கோலத்தைக் கொண்டு அவர் தம் நாட்டு மரத்தால் வேறொரு வீடு கட்டினார் என்று கொள்வதே பொருந்தும்.

கட்டையின் குறையை ஃபோல்ட்ஸே நன்கு உணர்ந்திருந்தார் என்பதுதான் வியப்பு. ஆர்மோனியம் இந்திய இசைக்கு ஏற்றதன்று என்று வானொலி இதழில் 1938இல் வாதிட்டவர்களுள் அவரும் ஒருவர். 1940 மார்ச்சு முதல் நாள் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கியது. முப்பதாண்டுகளுக்குப் பின்னரே அத்தடை தளர்ந்தது. நாடக மேடைகளிலும் திண்ணைகளிலும் நம் மக்களோடு வாழ்ந்த பெட்டியை அவ்வாறு ஒதுக்கியது தகுமா என்பதில் நமக்கு உடன்பாடில்லை. எனினும் நம் முறைகளைப் பியானோவில் ஏற்றிய அதே மனிதர், நம் குரலிசையைக் கட்டைக்குள் அடைக்கலாகாது என்றும் எண்ணினார். தாம் எடுத்துக்கொண்டது எது, தம்மால் எடுக்க முடியாதது எது என்பதை அறிந்த பணிவு அது.

மீட்டவர்கள்

ஃபோல்ட்ஸ் மறைந்த பின் ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் அவரை நினைப்பார் அரியராயினர். 1970களில் மால்கம் மெக்டொனால்டு என்னும் இசைத் திறனாய்வாளர் ஃபோல்ட்ஸின் மகளைத் தேடிக் கண்டு, அவரிடம் எஞ்சியிருந்த கையெழுத்துப் படிகளை ஆராய்ந்து, 1975இல் நூல் எழுதினார். பின்னர் பீட்டர் ஜேக்கப்ஸ், கேத்ரின் ஸ்டாட் முதலியோர் பியானோ இசையைப் பதிவு செய்தனர். "உலக இரங்கலிசை"யும் 2007 நவம்பர் 11ஆம் நாள் அதே ஆல்பர்ட் அரங்கில் மீண்டும் முழங்கிற்று. எண்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட மௌனம் கலைந்தது. படிகளை விட்டெறியாது காத்த ஒரு மகள், படித்துப் பொருளுணர்ந்த ஓர் அறிஞர், வாசித்த சில விரல்கள். இம்மூவகையினருள் ஒருவர் இல்லாதிருந்தாலும் நம் ஊரில் அவ்விசை கேட்டிராது.

நமக்குரிய பணி

இந்த வரலாற்றை இம்மலரில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. நம் பழைய இஸ்லாமியத் தமிழ்ப் பாடற் புத்தகங்களைப் புரட்டினால், பாடலுக்கு மேலே இராகமும் தாளமும் அச்சிட்டிருப்பதைக் காணலாம். கீர்த்தனைகளும் முனாஜாத்துகளும் ஏராளம். சொற்கள் நம்மிடம் உள்ளன, மெட்டு எங்கே? இராகத்தின் பெயர் மெட்டு ஆகாது. அந்தப் பெயரோடு நிற்பது, மேளத்தின் ஏழு சுரங்களை மட்டும் வைத்துக்கொண்டு தோடியைத் தேடுவது போன்றதே. நம் நன்னி வைகறையில் ஒரு முனாஜாத்து ஓதுவார்கள். அச்சிட்ட புத்தகம் இன்றும் நம் அலமாரியில் இருக்கின்றது. அதன் நடுவே அவர்கள் குரல் தாழ்ந்து, பின் மெல்ல உயரும் இடம் எந்த அச்சிலும் இல்லை. அவர்களோடு அது போயிற்று. ஃபோல்ட்ஸ் குறியிட்டு வைத்ததால் அவரது இசை உறங்கிற்று, பின் எழுந்தது. குறியிடாத மெட்டு உறங்குவதில்லை, இறந்தேபோகின்றது.

மாணவச் செல்வங்கள் ஒவ்வொருவரிடமும் இன்று ஒலிப்பதிவு செய்யும் கைப்பேசி இருக்கின்றது. சேலத்திலும் நாமக்கல்லிலும் சுற்றுவட்டச் சிற்றூர்களிலும் தாலாட்டும், மணவீட்டுப் பாடலும், முனாஜாத்தும், தாயிரா கொட்டிப் பாடும் பக்கீர்களின் பாட்டும் அறிந்த முதியோர் இன்னும் இருக்கின்றனர். அவர்கள் இசைவு பெற்றுப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயர், ஊர், நாள், யாரிடம் கற்றார் என்பவற்றை உடன் எழுதிவையுங்கள். இசையறிந்த ஒருவரைக் கொண்டு சுரப்படுத்துங்கள். தமிழ்த்துறை நூலகத்தில் அதற்கென ஓர் அலமாரி ஒதுக்கப்படுமாயின், ஆய்வு மாணவர்க்கு அது பெருஞ்செல்வம் ஆகும்.

பெரியோர்களும் "எமக்கென்ன பாட்டுத் தெரியும்" என்று ஒதுங்காமல், நினைவில் உள்ள ஓர் அடியையேனும் இளையோர் செவியில் இட்டுச் செல்ல வேண்டுகின்றோம். கேட்போர் இன்று சிலராக இருக்கலாம். எண்பது ஆண்டுகள் கழித்து ஒருவர் வந்து கேட்கும்போது, கொடுப்பதற்கு நம்மிடம் ஏதேனும் இருத்தல் வேண்டும்.