பாத்ரூமைப் புதுப்பிக்கப் போறீங்களா? டைல்ஸ் கடைக்கு முன்னாடி இதைப் படிங்க

வீட்டுல பாத்ரூமை இடிச்சுக் கட்டப் போறவங்க, டைல்ஸ் மாத்தப் போறவங்க, அட, சும்மா ஒரு ஷெல்ஃப் மாட்டி ஒழுங்குபடுத்தப் போறவங்க கூட ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கி இந்த இழையைப் படிச்சிடுங்க. நான் இன்ஜினியர் இல்ல. கும்மிடிப்பூண்டி பக்கம் கிளினிக் வச்சிருக்கிற பொது மருத்துவர். பாத்ரூமைப் பத்தி டாக்டரம்மாவுக்கு என்ன பேச்சுன்னு கேட்கலாம். பாத்ரூமிலேர்ந்து நேரா என்கிட்ட வர்றவங்க அவ்வளவு பேர்.

எங்க ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. பையனுக்கு சிப்காட்லயோ, பார்டர் தாண்டி ஸ்ரீசிட்டிலயோ வேலை நிலைச்சு, கையில கொஞ்சம் காசு சேர்ந்தா, வீட்டுல முதல்ல மாறுறது பாத்ரூம்தான். அதுவரைக்கும் சொரசொரப்பான சிமெண்டுத் தரை, மூலையில ஒரு தொட்டி, மேலே ஷீட்டு. மாறின பிறகு முகம் தெரியுற அளவுக்கு மினுமினுக்கிற டைல்ஸ். பார்க்க அழகாத்தான் இருக்கும். ஆனா அந்த சிமெண்டுத் தரையில நாற்பது வருஷம் விழாம நடந்த ஆயா, புதுத் தரையில ரெண்டாவது வாரமே விழுந்துடுறாங்க. "நல்லாத்தான்மா இருந்தாங்க, புது பாத்ரூம் கட்டினதுலேர்ந்து கண்ணு பட்டுடுச்சு"ன்னு சொல்லுவாங்க. கண்ணு இல்லம்மா, டைல்ஸ்.

உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி உலகத்துல வருஷத்துக்கு சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் கீழே விழுந்தே இறக்கிறாங்க. விபத்து மரணங்கள்ல சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதுக்குத்தான். அதுலயும் அதிகமாகப் போறது 60 வயசைத் தாண்டினவங்க. நாம ஹெல்மெட்டைப் பத்தி இவ்வளவு பேசுறோம், ஈரத் தரையைப் பத்திப் பேசுறதே இல்ல.

பெரியவங்க விழுந்தா என்ன ஆகும்? பெரும்பாலும் தொடை எலும்பு இடுப்புல சேருற கழுத்துப் பகுதியில உடையும். எழுந்திரிக்க முடியாது, அந்தக் கால் கொஞ்சம் குட்டையா, பாதம் வெளிப்பக்கமா திரும்பிக் கிடக்கும். அப்படிப் பார்த்தா காலை இழுக்காதீங்க, எண்ணெய் போட்டு உருவாதீங்க, 108-க்குப் போன் பண்ணுங்க. நம்ம மாவட்டத்துல எலும்புன்னாலே வாயில வர்ற முதல் வார்த்தை புத்தூர் கட்டு. இடுப்பு மூட்டுக்குள்ள இருக்கிற முறிவை வெளியிலேர்ந்து கட்டுப் போட்டு அசையாம நிறுத்த முடியாது. பெரும்பாலானவங்களுக்கு ஆபரேஷன்தான் வழி, அதுவும் ரெண்டு நாளுக்குள்ள நடந்தா நல்லது. தள்ளிப் போடப் போட படுக்கைப் புண், நுரையீரல்ல சளி, கால் நரம்புல ரத்தக் கட்டின்னு ஒண்ணொண்ணா வரும். இடுப்பு எலும்பு முறிஞ்ச பெரியவங்கள்ல ஐந்துல ஒருத்தராவது ஒரு வருஷத்துக்குள்ள போயிடுறாங்கன்னு பல நாட்டு ஆய்வுகளும் சொல்லுது. எலும்பு அவங்களைக் கொல்றதில்ல, படுக்கைதான் கொல்லுது.

அதனால டைல்ஸ் கடையில ஒரு காரியம் பண்ணுங்க. தரைக்குன்னு காட்டுற சாம்பிள் மேல கொஞ்சம் தண்ணியும் ஒரு துளி ஷாம்பும் விட்டு, செருப்பைக் கழட்டிட்டு காலை வச்சுத் தேய்ச்சுப் பாருங்க. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். வழுக்குதுன்னா அது ஹாலுக்குப் போகட்டும். சில பெட்டிகள்ல ஆர் 9, ஆர் 10, ஆர் 11-ன்னு போட்டிருக்கும், எண் கூடக் கூடப் பிடிமானம் கூடும். சின்னச் சின்ன டைல்ஸ் போட்டா நடுவுல வர்ற கோடுகளே காலைப் பிடிக்கும். "சொரசொரப்புன்னா அழுக்கு சேரும் மேடம்"னு சொல்லுவாங்க. சேரும்தான். வாரம் ஒருதரம் பிரஷ் போட்டா போகும்.

வாட்டத்தையும் கொத்தனார் போன பிறகு பார்க்காதீங்க, அவர் இருக்கும்போதே ஒரு பக்கெட் தண்ணியைக் கொட்டிப் பாருங்க. தேங்குற இடத்துல பாசி பிடிக்கும், பாசி பிடிச்ச இடத்துல எந்த டைல்ஸும் உதவாது.

இப்போ கொஞ்சம் கூச்சமான விஷயம். எங்க பக்கம் இன்னும் பல வீட்டுல பாத்ரூம் புழக்கடையில தனியா இருக்கு. ராத்திரி பின் கதவைத் திறந்து, படி இறங்கி, இருட்டுல போகணும். அதனால பெரியவங்க என்ன பண்றாங்க தெரியுமா? சாயங்காலம் ஆறு மணிக்கு மேல தண்ணியே குடிக்கிறதில்ல. யார்கிட்டயும் சொல்லவும் மாட்டாங்க. நீர்க்கடுப்புன்னு மூணாவது தடவையா வந்த ஒரு அம்மாகிட்ட தனியா உட்கார வச்சுக் கேட்டப்பத்தான் சொன்னாங்க: "மருமவ தூக்கத்த எதுக்குக் கெடுக்கணும்மா? குடிக்கலன்னா போவ வேணாமில்ல." இந்த வெயில்ல தண்ணி குடிக்காம இருந்தா நீர்த்தொற்று வரும், கல் வரும், மலச்சிக்கல் வரும். சிக்கல் வந்தா முக்குவாங்க, முக்கினா தலை சுத்தும், அந்த பாத்ரூமிலேயே விழுவாங்க. அவங்களுக்கு நான் எழுதின சீட்டுல மாத்திரைக்குக் கீழே "படியில ஒரு பல்பு, படுக்கை பக்கத்துல ஒரு கமோடு சேர்"னு எழுதினேன். மகன் ரெண்டையும் வாங்கினார். நாலாவது தடவை அவங்க வரல.

ராத்திரி எழுந்து போறதுல இன்னொரு ஆபத்தும் இருக்கு. படுத்திருந்தவங்க சட்டுனு நிற்கும்போது சிலருக்கு பி.பி. இறங்கும். நின்ன மூணு நிமிஷத்துக்குள்ள மேல் அளவு 20 புள்ளி குறைஞ்சாலே அது கவனிக்க வேண்டிய விஷயம். பி.பி. மாத்திரை, நீர் போறதுக்கான மாத்திரை, புராஸ்டேட்டுக்குக் கொடுக்கிற மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு இது அதிகம். ஆம்பளைங்களுக்கு நின்னுக்கிட்டே சிறுநீர் கழிக்கும்போதே மயக்கம் வர்றதும் உண்டு. ராத்திரியில உட்கார்ந்தே போங்க ஐயா, மானம் ஒண்ணும் போயிடாது. எழுந்ததும் கட்டில் ஓரத்துல ஒரு நிமிஷம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துட்டு அப்புறம் நடங்க. 2021-லேர்ந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து பி.பி. பார்க்கிறாங்க இல்ல, அடுத்த தடவை வரும்போது "நிக்க வச்சு ஒரு தடவை பாருங்கம்மா"ன்னு கேளுங்க.

கதவுக்கு வருவோம். பாத்ரூம் கதவு உள்பக்கமா திறக்கிற மாதிரி வைக்காதீங்க. உள்ளே விழுந்தவங்க பெரும்பாலும் கதவை அடைச்ச மாதிரிதான் கிடப்பாங்க. அந்தச் சின்ன இடத்துல வேற எங்க விழுறது? வெளியிலேர்ந்து தள்ளினா அவங்க மேலேயே இடிக்கும். கதவை உடைக்க ஆள் தேடுற நேரம் இருக்கே, ஷிஃப்ட்டுக்குப் போன பையன் வர்ற வரைக்கும் பக்கத்து வீட்டு அம்மா மட்டும் கூப்பிட்டுக்கிட்டே நிக்கிற நேரம், அது ரொம்பக் கொடுமை. வெளிப்பக்கம் திறக்கிற கதவு, இல்லன்னா தள்ளுகதவு. தாழ்ப்பாளும் வெளியிலேர்ந்து ஒரு நாணயத்தை வச்சுத் திருப்பினா திறக்கிற மாதிரி கிடைக்குது, ஹார்டுவேர் கடையில கேளுங்க.

இதை என் மாமியாரை வச்சே கத்துக்கிட்டேன். அவங்களுக்கு 74 வயசு, ரெண்டு முட்டியும் தேய்மானம். போன வருஷம் வீட்டு பாத்ரூமை மாத்தினப்ப, "தாழ்ப்பாள் போடாம குளிங்க அத்தை"ன்னு சொன்னேன். மூணு நாள் என்கிட்ட பேசல. நாலாவது நாள், "கதவைச் சாத்திக்கிறதுக்குக் கூட உரிமை இல்லன்னா நான் எதுக்கு இந்த வீட்டுல இருக்கணும்"னு மகன்கிட்ட சொல்லியிருக்காங்க. அவங்க பக்கம் நியாயம் இருக்கு. பெரியவங்க பாதுகாப்புன்னு சொல்லி நாம பிடுங்கிக்கிற முதல் பொருள் அவங்க மறைவு. நாணய லாக் மாட்டினோம். உள்ளேர்ந்து அவங்க தாழ் போட்டுக்கலாம், வெளியிலேர்ந்து நான் திறக்கலாம். நான் திறக்க மாட்டேன்னு அவங்களுக்குத் தெரியும்.

சுவத்துக் கம்பிக்கும் இதே சண்டைதான். "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும், வேண்டாம்." சரின்னு துண்டு போடுற கம்பியைப் பிடிச்சுக்கிட்டு எழுந்தாங்க. தயவுசெஞ்சு கேட்டுக்கோங்க, துண்டுக் கம்பி துண்டைத்தான் தாங்கும், ஆளைத் தாங்காது. கைப்பிடிக் கம்பின்னு தனியா ஸ்டீல்ல விக்குது. டைல்ஸ்ல பிளாஸ்டிக் பிளக் அடிச்சு மாட்டக் கூடாது, செங்கலுக்குள்ள போற ஆங்கர் போல்ட் போட்டுத்தான் மாட்டணும். ஹாலோ பிளாக் சுவர்னா கம்பி வர்ற இடத்தை முன்னாடியே கான்கிரீட் போட்டு நிரப்பச் சொல்லுங்க. மாட்டின பிறகு வீட்டுலயே கனமான ஆளைத் தொங்கச் சொல்லிப் பாருங்க. எங்க வீட்டுல அது என் வீட்டுக்காரர்.

அடுத்தது தண்ணி. மீஞ்சூர், பொன்னேரி பக்கம் இருக்கிறவங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. நிலத்தடித் தண்ணியை உறிஞ்ச உறிஞ்ச கடல் உள்ளே வந்துடுச்சு, 1970களிலேயே இது பதிவான விஷயம். காட்டுப்பள்ளியில 2010-லேர்ந்து கடல்நீரிலேர்ந்து தினம் 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கிற திறனோட ஒரு ஆலை இருக்கு, அது சென்னைக்கு. நமக்கு போர் தண்ணிதான். பல இடத்துல அது உப்பு, அதனால டைல்ஸ் மேல வெள்ளை வெள்ளையா உப்புப் படியும், குழாய் அடைக்கும். பளபளப்பு போயிடுச்சேன்னு ஆசிட் வாங்குறோம். அங்கதான் வினை.

ஆசிட் ஊத்திட்டு, கறை போகலன்னு அது மேலயே பிளீச்சிங் பவுடரைத் தூவுவாங்க. ரெண்டும் சேர்ந்தா குளோரின் வாயு வரும். 1915-ல முதல் உலகப் போர்ல பெல்ஜியத்து ஈப்ர பக்கம் ஜெர்மன் படை திறந்துவிட்டதும் இதே வாயுதான். காத்தை விட ரெண்டரை மடங்கு கனம், அதனால தரை மட்டத்துலயே தங்கும். ஜன்னல் சாத்தின நாலடி பாத்ரூம்ல, குத்துக்கால் போட்டுத் தரை தேய்க்கிறவங்க மூக்கு எந்த உயரத்துல இருக்கும்னு யோசிங்க. கண் எரியும், இருமல் நிக்காது, நெஞ்சு அடைக்கும். வெளியே காத்தோட்டமான இடத்துக்கு வந்து கண்ணையும் முகத்தையும் தண்ணியில நல்லா கழுவுங்க. சரியாயிடுச்சுன்னு வீட்டுல படுத்துடாதீங்க, சில மணி நேரம் கழிச்சு நுரையீரல்ல நீர் கோர்க்கிறது உண்டு. மூச்சு வாங்கினா உடனே ஆஸ்பத்திரி. கடையில விக்கிற டாய்லெட் கிளீனர் பலதுலயும் அதே ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான், லேபிளைப் படிங்க. உப்புக் கறைக்கு வினிகரோ எலுமிச்சை உப்போ ஊற வச்சாலே போதும். அதையும் பிளீச்சோட கலக்காதீங்க.

டிவிஎஸ் எக்ஸ்எல்ல வந்து விக்கிறவர்கிட்ட பினாயிலும் ஆசிட்டும் வாங்கி கூல்டிரிங்ஸ் பாட்டில்ல ஊத்தி வைக்கிற பழக்கத்தை இன்னைக்கே விட்டுடுங்க. குழந்தைக்கு அது கூல்டிரிங்ஸ்தான். குடிச்சுட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க, போகும்போது சுட்ட உணவுக்குழாயை வரும்போதும் சுடும். வாயைக் கொப்பளிக்க வச்சு, பாட்டிலையும் எடுத்துக்கிட்டு ஓடுங்க. பாத்ரூமை ஒழுங்குபடுத்துறதுன்னா எனக்கு முதல்ல இதுதான்: ஆசிட் தலைக்கு மேலே பூட்டின அலமாரியில, சோப்பும் மக்கும் பெரியவங்க குனியாம எட்டுற உயரத்துல.

கீசர் பத்தி சுருக்கமா. எம்.சி.பி. காப்பாத்துறது வயரை, ஆளை இல்ல. ஆளைக் காப்பாத்த 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடுங்க, எர்த்தும் சரியா இருக்கான்னு எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்க. 60 டிகிரி தண்ணி அஞ்சு வினாடியில தோலை வேக வச்சுடும், கீசரை 50-க்கு மேல வைக்காதீங்க. சுகர்காரங்க பாதத்தால சூடு பார்க்காதீங்க, உணர்ச்சி குறைஞ்சிருக்கும், முழங்கையால பாருங்க. கேஸ் கீசர்னா அது பாத்ரூமுக்கு வெளியேதான் இருக்கணும், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

லைன் வீட்டுல வாடகைக்கு இருக்கிறவங்க, "ஓனர் ஆணி அடிக்கவே விடமாட்டார், நாங்க என்ன பண்றது"ன்னு கேட்பீங்க. பல்பு மாத்த ஓனரைக் கேட்க வேண்டாம். கால் அகலமான ஸ்டூல் ஒண்ணு, ரப்பர் மேட் ஒண்ணு போதும், மேட்டை வாரம் ஒருதரம் தூக்கிக் கழுவுங்க. ஹீட்டர் ராடைப் பிளக்கிலேர்ந்து பிடுங்கின பிறகுதான் தண்ணியில கையை வைக்கணும். டிரம்முக்கு மூடி போடுங்க, டெங்கு கொசுவுக்கு நல்ல தண்ணிதான் பிடிக்கும். தவழுற குழந்தை இருந்தா பக்கெட்டைக் கவுத்து வைங்க, ஒரு சாண் தண்ணி போதும் மூழ்குறதுக்கு.

கம்பி எந்தப் பக்கம், எந்த உயரம்னு நிறைய பேர் கேட்கிறீங்க. புத்தகத்துல ஒரு அளவு இருக்கும், அதை விடுங்க. மேஸ்திரி வர்ற அன்னைக்கு வீட்டுப் பெரியவங்களை அங்கேயே ஒரு சேர்ல உட்கார வச்சு எழச் சொல்லுங்க. கை தானா எங்க போய் சுவத்தைத் தேடுதோ அங்க சாக்பீஸால ஒரு கோடு போடுங்க. பக்கவாதம் வந்தவங்கன்னா நல்லா இருக்கிற கை பக்கம்.