நிழலுக்கு யார் கூலி கொடுப்பது?

ஐப்பசி பிறக்கும் வேளையில் குடகு மலையின் தலைக்காவிரிக் குளத்தில் நீர் பொங்குவதைக் காணப் பெருங்கூட்டம் கூடும். அந்த மாதம் முழுக்க, ஆற்றின் மறுமுனைக்கு அருகே, மயிலாடுதுறை துலாக்கட்டத்தில் மக்கள் முழுக்குப் போடுவார்கள். இரண்டு படித்துறைகளையும் சேர்த்துக் கட்டியிருக்கும் காவிரி ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடுகிறது. பிறந்த கொஞ்ச தூரத்திலேயே அது காபித் தோட்டங்களுக்குள் நுழைகிறது. கடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால், டிகிரி காபிக்குப் பேர்போன கும்பகோணத்தைக் கடக்கிறது. மாறிவரும் மழையையும் வெயிலையும் மலையில் இருக்கும் காபி விவசாயி எப்படிச் சமாளிக்கிறார் என்பதை அவருடைய சொந்தப் பாடு என்று நாம் விட்டுவிடுகிறோம். அவர் தோட்டத்து நிழல் மரங்களின் கதிதான் இந்த ஆற்றின் கதியையும் பெருமளவு தீர்மானிக்கிறது. ஆகவே அவற்றைக் காக்கும் செலவில் ஆற்று நீரைக் குடிப்பவர்களுக்கும் பங்கு உண்டு. தலைக்காவிரியிலிருந்து பூம்புகார் வரை ஆற்றோடு போய்ப் பார்த்தால் இந்த நியாயம் விளங்கும்.

தொடக்கமே துயரமானது. 2020 ஆகஸ்டில் தலைக்காவிரிக்கு மேலே பிரம்மகிரி மலை சரிந்து, கோயில் அர்ச்சகரின் வீட்டை மண் மூடியது. அதற்கு முந்தைய ஆண்டு சித்தாபுரம் பக்கத்துக் கரையோரக் குடியிருப்புகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அதற்கும் முன்னால், 2018 ஆகஸ்டில், மடிக்கேரியைச் சுற்றிய மலைகள் காபிச் செடிகளோடும் வீடுகளோடும் வழுக்கி இறங்கின. மூன்று ஆண்டுகள், மூன்று ஆகஸ்டுகள். குடகுக்குப் பெருமழை புதிதல்ல. மாதக்கணக்கில் பெய்து மண்ணில் இறங்க வேண்டியது ஒரு வாரத்தில் கொட்டித் தீர்ப்பதுதான் புதிது. சாலைக்கும் விடுதிக்கும் மலையை வெட்டியதால்தானே சரிந்தது என்று கேட்பவர்கள் உண்டு. அதுவும் உண்மைதான். ஆனால் வெட்டிய சரிவின் மேல் முன்பு விழுந்த மழை வேறு, இப்போது விழும் மழை வேறு.

பாகமண்டலத்தில் கன்னிகை நதியைச் சேர்த்துக்கொண்டு ஆறு நாபோக்லு, சித்தாபுரம் என்று இறங்குகிறது. இந்தியாவின் காபியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விளையும் மாவட்டம் இது. இங்கே ஆகஸ்டு மழையைவிட விவசாயி அதிகம் கவலைப்படுவது மார்ச் மழையைப் பற்றித்தான். தோட்டக்காரர்கள் அதைப் பூ மழை என்பார்கள். காபிக் கிளையின் ஒவ்வொரு கணுவிலும் மொட்டுகள் கொத்தாக வந்து, அரிசி மணிபோல் இறுகி, வாரக்கணக்கில் அப்படியே நிற்கும். ஓர் அங்குல மழை விழுந்தால் ஏழெட்டு நாளிலிருந்து பத்து நாளுக்குள் மலைச்சரிவு முழுதும் ஒரே மூச்சில் வெள்ளையாகப் பூக்கும். மல்லிகை மணம் வீசும். இரண்டு மூன்று நாளில் பூ வாடிவிடும். ரோபஸ்டா வகைக் காபி அயல் மகரந்தத்தால் காய்ப்பது. காற்றும் தேனீயும் வேலை செய்வதற்குக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான். மழை அரை அங்குலத்துக்கும் குறைவாகத் தூறிவிட்டுப் போனால் மொட்டு விரியாமல் கருகும். பூத்த அன்றே கொட்டினால் மகரந்தம் கரைந்துபோகும். அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் இன்னொரு மழை வராவிட்டால் பிஞ்சு நிற்காது. ஓர் ஆண்டின் வருமானம் இரண்டு மழைகளின் தேதியில் தொங்குகிறது. அந்தத் தேதிகள்தாம் இப்போது நிலையாக இல்லை.

விவசாயிகள் கைகட்டி நிற்கவில்லை. பூ மழைக்குக் காத்திருக்காமல் ஸ்பிரிங்க்ளர் வைத்துத் தாங்களே மழை பெய்விக்கிறார்கள். அராபிகாவைப் பிடுங்கிவிட்டு ரோபஸ்டா நடுகிறார்கள். நாட்டின் காபியில் ஏறக்குறைய 70 விழுக்காடு இப்போது ரோபஸ்டாதான். பலா, நாவல், ஈட்டி மரங்களின் இடத்தில் சில்வர் ஓக் வைத்து மிளகுக் கொடி ஏற்றுகிறார்கள். ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் புத்திசாலித்தனமான முடிவுதான். ஆனால் மூன்றும் சேரும்போது தோட்டத்தின் பாரம் ஆற்றின் மேல் இறங்குகிறது.

முதலில் தண்ணீர். ஓர் ஏக்கரில் ஓர் அங்குல மழை என்றால் ஒரு லட்சம் லிட்டருக்குச் சற்று அதிகம். பூவுக்காக ஒன்றரை அங்குலம் விட்டால் ஒன்றரை லட்சம் லிட்டர். ஒரு லட்சம் ஏக்கருக்கு இப்படிப் பாய்ச்சினாலும் மொத்தம் அரை டி.எம்.சி.யைத்தான் ஒட்டி வரும். தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த பங்கோடு ஒப்பிட்டால் இது ஒரு கணக்கா என்று கேட்கலாம். ஆண்டுக் கணக்கில் இது சிறிதுதான். ஆனால் பாய்ச்சுவது பிப்ரவரியிலும் மார்ச்சிலும், ஆறு பாறைகளுக்கிடையே நூலாக ஓடும் காலத்தில். எல்லோரும் ஏறத்தாழ ஒரே வாரத்தில் மோட்டார் போடுகிறார்கள். மழைக்காலத்தில் குட்டையில் நிரப்பி வைத்த நீரை இறைப்பவர் ஆற்றுக்குக் கெடுதல் செய்யவில்லை. குட்டை வெட்ட இடமோ பணமோ இல்லாதவர் ஓடையில்தான் குழாயைப் போடுவார். நாட்டின் காபி விவசாயிகளில் மிகப் பெரும்பாலோர் சிறு விவசாயிகள் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

ரோபஸ்டா வெயிலைத் தாங்கும் என்பதும் அரை உண்மைதான். இலைத்துரு நோயையும், வெயில் பட்ட அராபிகாவின் தண்டைக் குடையும் வெள்ளைத் தண்டுத் துளைப்பானையும் அது எளிதில் எதிர்கொள்ளும். ஆனால் அதன் வேர் மேல்மண்ணிலேயே படர்வதால் வறட்சியில் முதலில் வாடும். வியட்நாமிலும் இந்தோனேசியாவிலும் பத்தாண்டு விளைச்சலைக் கணக்கிட்டு 2020-இல் வந்த ஆய்வு, வெப்பம் ஒரு டிகிரி கூடினால் ரோபஸ்டா விளைச்சல் சுமார் 14 விழுக்காடு குறைகிறது என்றது. ரகம் மாற்றினால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கைக்கு எச்சரிக்கையாக இந்த ஆற்றின் பெயரையே தாங்கிய ஒரு ரகம் இருக்கிறது. 1980-களில் பரவிய ‘காவேரி’ என்ற அராபிகா ரகம் துரு நோயைத் தாங்கும் என்று நம்பி நட்டார்கள். சில ஆண்டுகளில் அந்தத் தாங்குதிறன் உடைந்தது.

எஞ்சுவது நிழல். உயரத்தில் பலாவும் அத்தியும், அதன் கீழே கல்யாண முருங்கை, அதற்கும் கீழே காபி என்று அடுக்கடுக்காக நிற்கும் தோட்டத்தில் நடுப்பகல் வெப்பம் குறையும், உதிர்ந்த இலை மண்ணை மூடும், அடித்துப் பெய்யும் மழை வேகம் தணிந்து மண்ணில் இறங்கும். இதை அறியாத விவசாயி அங்கே இல்லை. பிறகு ஏன் சில்வர் ஓக்? குடகின் நில உரிமைச் சட்டம் விசித்திரமானது. மரத்தின் மதிப்பை அரசுக்குக் கட்டித் தீர்க்காத நிலங்களில், தானாக வளர்ந்த காட்டு மரம் விவசாயிக்குச் சொந்தமில்லை. ஈட்டி மரத்தை ஐம்பது ஆண்டு காத்தவருக்கு அதில் உரிமை கிடையாது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக்கை நட்டவர் அனுமதி கேட்காமல் வெட்டி விற்கலாம். நல்லது செய்பவருக்குத் தண்டனையும், விட்டுவிடுபவருக்குப் பரிசும் தரும் ஏற்பாடு இது. இதைத் திருத்தாமல், மரம் வளருங்கள் என்று விவசாயிக்கு உபதேசம் செய்வது அநியாயம்.

குஷால்நகரைத் தாண்டிச் சமவெளி. ஹாரங்கி, ஹேமாவதி, லட்சுமணதீர்த்தம் என்று காபி மலைகளில் பிறந்த நதிகள் ஒவ்வொன்றாய்க் கலந்து கண்ணம்பாடி அணையில் தேங்குகின்றன; அதற்குக் கீழே, வயநாட்டுக் காபி நாட்டிலிருந்து வரும் கபினி திருமகூடலு நரசிபுரத்தில் சேர்கிறது. இங்கே வலுவான ஒரு மறுப்பைச் சந்திக்க வேண்டும். மரமும் தண்ணீர் குடிக்கும். மரம் கூடினால் ஆற்றுக்கு வரும் மொத்த நீர் குறையத்தானே செய்யும்? குறையலாம். நீரியல் அறிந்தவர்கள் இதை மறுப்பதில்லை. ஆனால் நமக்கு வேண்டியது மொத்தமா, காலத்தில் வரும் நீரா? 2024 ஜூன் 12-இல் வழக்கம்போல் மேட்டூர் அணையைத் திறக்கத் தண்ணீர் இல்லை. ஜூலை 28-இல் திறந்தார்கள். இரண்டே நாளில், ஜூலை 30-இல், அணை 120 அடியைத் தொட்டது. குறுவைக்கு உழவர் காத்திருந்த ஆறேழு வாரம் ஆறு வறண்டு கிடந்து, பிறகு ஒரேயடியாய்ப் பெருகியது. இதற்கு முதற்காரணம் பருவமழைதான். நிழல் மரத்தால் மழையை வரவழைக்க முடியாது. விழுந்த மழையைச் சரிவிலேயே கொஞ்சம் நிறுத்தி, பிறகு மெதுவாக விடும் வேலையைத்தான் அது செய்யும். ஆண்டுக்கு ஆண்டு அருமையாகிவரும் வேலை அது.

மேட்டூருக்குக் கீழே நீலகிரியிலிருந்து பவானியும், ஏற்காட்டிலிருந்து திருமணிமுத்தாறும் வருகின்றன. ஏற்காட்டின் நிலை இன்னும் இறுக்கமானது. அங்கே அராபிகாதான் பெரும்பாலும். உலகின் மற்ற இடங்களில் வெப்பம் கூடக் கூடக் காபி மலைமேல் ஏறுகிறது. சேர்வராயன் மலையோ 1,600 மீட்டரை எட்டியதும் முடிந்துவிடுகிறது. மேலே ஏற இடமில்லாதவருக்கு நிழல் ஒன்றுதான் குளிர்ச்சி.

முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. 2018 ஆகஸ்டு 22 இரவு அங்கே கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் உடைந்து போயின. குடகின் மலைகள் சரிந்த அதே மாதம். மேலே மண்ணைப் பெயர்த்த மழைதான் கீழே மதகையும் பெயர்த்தது. கொள்ளிடம் கரைபுரண்டு கடலுக்குப் போன நாள்களில், கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று டெல்டா உழவர்கள் முறையிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆகவேதான் கூலிப் பேச்சு. காபி நாடான கோஸ்டாரிகா 1997 முதல், எரிபொருள் வரியில் ஒரு பங்கைக் கொண்டு, மரம் காக்கும் நில உடைமையாளருக்குப் பணம் தருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை நதிகளின் நீரைக் குடிக்கும் ஊர்களின் தண்ணீர்க் கட்டணத்தில் இரண்டு மூன்று ரூபாய் பசுமை வரி சேர்க்கலாம் என்று 2024 நவம்பரில் கர்நாடக வனத்துறை அமைச்சர் யோசனை சொன்னார். அப்படி ஒரு நிதி வந்தால் அதில் பெரும்பங்கு, பலவகை நாட்டு மரங்களை நிறுத்தி வைக்கும் சிறு தோட்டக்காரருக்கு, மரத்தின் உரிமையோடு சேர்த்துப் போக வேண்டும். ஆற்று நீரில் வளரும் பெங்களூருவைப் போலவே திருச்சியும் தஞ்சையும் அதில் பங்கெடுக்கலாம். காபி ஏற்றுமதி 2024-25-இல் 180 கோடி டாலரை எட்டிய நேரத்தில் தோட்டக்காரருக்கு எதற்கு மானியம் என்று சிலர் கேட்பார்கள். நிழலுக்கு மிக ஆபத்தான காலமே விலை ஏறும் காலம்தான். ஒவ்வொரு மரத்தின் இடத்திலும் சில செடி கூடுதலாக வைக்கலாமே என்ற ஆசை அப்போதுதான் வரும். விலை இறங்கும்போது மரம் திரும்பி வராது. ஒரு பலா நிழல் தர எத்தனை ஆண்டு ஆகும்? இரு மாநிலமும் டி.எம்.சி. எண்ணித்தானே வழக்காடுகின்றன, மரத்துக்கு எப்படிச் சேர்ந்து பணம் போடுவார்கள் என்பது கடினமான கேள்வி. ஆனால் தண்ணீரைப் பங்கிடுவதில்தான் ஒருவர் இழந்து மற்றவர் பெறுகிறார். சரிவில் நிற்கும் நிழலால் கண்ணம்பாடிக்கும் மேட்டூருக்கும் ஒருசேர நன்மை.

கும்பகோணத்தில் பித்தளை டபராவில் நுரைத்து வரும் காபியின் விலையில் கொட்டை, சிக்கரி, பால், சர்க்கரை, அடுப்பு, ஆள் கூலி எல்லாம் அடங்கியிருக்கிறது. அந்தக் கொட்டை நின்ற நிழலுக்கு அதில் ஒரு காசும் இல்லை. ஊரைத் தாண்டி ஆறு ஒடுங்குகிறது. மயிலாடுதுறை துலாக்கட்டத்தில், நீர் வராத ஐப்பசிகளில் ஆழ்குழாய் நீரை விட்டு முழுக்கு நடத்தியிருக்கிறார்கள். அங்கிருந்து மேலையூர் கடையணை. அதைக் கடந்தால் பூம்புகார். குடகில் பாலம் போட்டுக் கடக்க வேண்டியிருந்த காவிரி, இங்கே வாய்க்கால் அகலத்தில் மணல்மேட்டைத் தாண்டிக் கடலில் கலக்கிறது, தண்ணீர் வந்து சேரும் ஆண்டுகளில்.